ஷூ எண்ணைக் குறைத்தும் குதிகால் கழல்வது ஏன்?

கேள்வி: எனக்கு வயது 48. காரைக்குடியில் ஜவுளி வியாபாரம். இத்தனை வருடமும் செருப்புதான். தை மாதம் மகள் கல்யாணம். வரவேற்புக்குப் போட்டுக்கொள்ள மகன் ஆன்லைனில் தோல் லோஃபர் (கயிறு கட்டாமல் காலை நுழைத்துப் போடும் ஷூ) வாங்கி அனுப்பினான். 8-ம் எண் போட்டபோது குதிகால் கழன்று கழன்று வந்தது. அதை மாற்றி 7 வாங்கினோம். இப்போதும் கழல்கிறது. கூடவே சுண்டுவிரலில் ஆணி வந்துவிட்டது. புறங்காலில் பட்டை அழுத்தும் இடம் மரத்துப்போகிறது. இரண்டு வருடமாகச் சர்க்கரைக்கு மாத்திரை சாப்பிடுகிறேன். என் காலுக்கு லோஃபரே ஆகாதா?

– வாசகர், காரைக்குடி

மருத்துவர் பதில்:

லோஃபரைப் பற்றிப் பேசுமுன் ஆணியைப் பார்த்துவிடுவோம், ஏனென்றால் உங்களுக்குச் சர்க்கரை இருக்கிறது. பிளேடால் சீவாதீர்கள். மருந்துக்கடையில் கிடைக்கும் ஆணி பிளாஸ்திரியும் வேண்டாம். அதில் இருப்பது சாலிசிலிக் அமிலம். ஆணியோடு சுற்றியுள்ள நல்ல தோலையும் அரித்துவிடும், சர்க்கரைக்காரருக்கு அதுவே புண்ணாகும். அந்த 7-ம் எண்ணை இன்றோடு நிறுத்துங்கள். அழுத்தம் போனாலே சில வாரங்களில் ஆணி பெரும்பாலும் தானாக மெலியும். மெலியாவிட்டால் மருத்துவரிடம் காட்டிச் சீவிக்கொள்ளலாம்.

மரத்துப்போவதையும் அசட்டையாக விடக்கூடாது. புறங்காலில் எலும்புக்கும் தோலுக்கும் நடுவே சதை அதிகம் கிடையாது. நரம்பு தோலுக்கு அடியிலேயே ஓடுகிறது. பட்டை அதன்மேல் அழுத்தினால் அந்த இடமும் அதற்கு முன்னே உள்ள தோலும் மரத்துப்போகும். ஷூவை நிறுத்தினால் அது பெரும்பாலும் சரியாகும். சர்க்கரையால் வரும் மரத்துப்போதலின் சாயல் வேறு. அது இரண்டு காலிலும் விரல் நுனியில், பாதத்தின் அடியில் தொடங்கி மேலே ஏறும். உங்களுக்கு எது என்று உறுதிசெய்ய, 10 கிராம் அழுத்தம் தரும் நைலான் இழையால் பாதத்தைத் தொட்டுப் பார்க்கும் சோதனை உண்டு. சர்க்கரைக்குப் பார்க்கும் மருத்துவரிடமே செய்துகொள்ளலாம், ஐந்து நிமிட வேலை. உணர்ச்சி குறைந்திருப்பதாகத் தெரிந்தால் லோஃபர் வேண்டவே வேண்டாம். இறுக்கிப் பிடிக்கும் ஷூ கடிப்பதே உங்களுக்குத் தெரியாது. எம்.சி.ஆர். எனும் மென்மையான நுண்துளை ரப்பர் அடி வைத்த, பட்டையை இறுக்கித் தளர்த்தக்கூடிய காலணிதான் அப்போது சரி. கீழே சொல்வதெல்லாம் உணர்ச்சி சரியாக இருந்தால் மட்டும்.

இனி குதிகால். கயிறு கட்டும் ஷூவில் பிடிப்பைக் கயிறு தருகிறது. செருப்பில் வாரும் கட்டைவிரல் வளையமும் தருகின்றன. லோஃபரில் அதெல்லாம் இல்லை. புறங்காலின்மேல் படியும் தோலும், பின்னால் குதிகாலைக் கவ்வும் குழியும் சேர்ந்துதான் காலைப் பிடிக்க வேண்டும். ஆகவே லோஃபரில் நீளத்தைவிடப் புறங்காலின் உயரமும் குதிகாலின் அகலமும் முக்கியம். ஆனால் பெட்டியில் பெரும்பாலும் அச்சடித்திருப்பது நீளத்தின் எண் மட்டும்தான்.

8 கழன்றதும் 7-க்குப் போனீர்கள். எல்லோரும் அதைத்தான் செய்கிறார்கள். இந்தியாவில் வழங்கும் பிரிட்டிஷ் எண்ணில் ஓர் எண் இறங்கினால் நீளம் சுமார் 8.5 மி.மீ. குறைகிறது. குதிகால் பக்கத்து அகலம் குறைவதோ ஒன்றிரண்டு மி.மீ.தான். குதிகாலுக்குப் பிடிப்புக் கிடைக்கவில்லை, விரலுக்கு இடம் போயிற்று. அதோடு இன்னொன்றும் நடந்திருக்கிறது. நடக்கும்போது கால் மடங்குவது கட்டைவிரல் அடியில் புடைத்திருக்கும் மூட்டில். ஷூவும் அதன் அகலமான இடத்தில்தான் மடங்கும்படி செய்யப்பட்டிருக்கிறது. ஷூ சிறிதானால் உங்கள் மூட்டு அந்த இடத்தைத் தாண்டி முன்னே போய்விடும். கால் ஓரிடத்தில் மடங்க, ஷூ வேறிடத்தில் முரண்டு பிடிக்கும். குதிகால் மேலே எழும்பும், ஷூ தரையிலேயே நிற்கும். ஆணியும் கழலலும் இரண்டு நோயல்ல, ஒரே தவறின் இரண்டு முனைகள்.

நம் பக்கத்துக் கால்களுக்கு இது அதிகம் வருவதற்குக் காரணம் உண்டு. செருப்பும் வெறுங்காலுமாக வளர்ந்த பாதம் முன்பக்கம் விசிறிபோல விரிந்திருக்கும். குதிகால் அந்த அளவுக்கு அகலமாக இராது. செட்டிநாட்டு வீட்டில் முகப்பில் செருப்பைக் கழற்றினால் பட்டாலை, வளவு, இரண்டாம் கட்டு என்று பாதி நாள் வெறுங்கால்தானே. பாதத்துக்கு அது நல்லதுதான், ஷூ வாங்கும்போதுதான் சங்கடம். கடைகளில் வரும் பிரிட்டிஷ், ஐரோப்பிய, அமெரிக்க எண்கள் எல்லாம் அந்த ஊர்க் கால்களை வைத்துப் போட்டவை. சென்னையிலுள்ள மத்திய தோல் ஆராய்ச்சி நிறுவனம் நாடு முழுவதும் ஒரு லட்சத்துக்கும் மேற்பட்டோரின் பாதத்தை அளந்து, இந்தியர் பாதம் ஐரோப்பியர், அமெரிக்கருடையதைவிட அகலமானது என்று கண்டது. இந்தியாவுக்கென்று ‘பா’ என்ற தனி அளவுமுறையைப் பரிந்துரைத்ததும் அதனால்தான்.

காலை வீட்டிலேயே அளந்துவிடுங்கள். மாலை ஐந்து மணிக்கு மேல் அளக்க வேண்டும், அதற்குள் பாதம் கொஞ்சம் வீங்கியிருக்கும். வெள்ளைத்தாளைச் சுவரை ஒட்டித் தரையில் வைத்து, குதிகால் சுவரில் படும்படி எடையை ஊன்றி நில்லுங்கள். உட்கார்ந்து அளந்தால் நீளமும் அகலமும் குறைத்துக் காட்டும். நீங்களே குனிந்து வரைந்தால் கால் நகரும், வேறொருவர் பென்சிலைச் செங்குத்தாகப் பிடித்து வரையட்டும். சுவரிலிருந்து மிக நீண்ட விரலின் நுனிவரை நீளம். கட்டைவிரல் மூட்டின் புடைப்பிலிருந்து சுண்டுவிரல் மூட்டின் புடைப்புவரை அகலம். பிறகு தையல்காரர் நாடாவால் அந்த மூட்டுகளைச் சுற்றி ஒரு சுற்றளவு, புறங்காலின் உயர்ந்த இடத்தில் ஒரு சுற்றளவு. இரண்டு காலுக்கும் எடுங்கள். பெரும்பாலானோருக்கு ஒரு கால் சற்றுப் பெரிது, வாங்குவது அந்தக் காலுக்குத்தான். நீண்ட விரலுக்கு முன்னே ஷூவுக்குள் 10 முதல் 12 மி.மீ. இடம் வேண்டும்.

வரைந்த தாளைக் கத்தரித்து உங்கள் 7-ம் எண் ஷூவின் அடியில் வைத்துப் பாருங்கள். சுண்டுவிரல் பக்கம் தாள் வெளியே எட்டிப் பார்க்கும். ஆணி வந்த இடம் அதுவாகத்தான் இருக்கும்.

பாதத்தின் வடிவத்துக்கு வருவோம். கட்டைவிரல் நீண்டு மற்றவை சரிந்து இறங்கும் கால்தான் கடைக்காரருக்குச் சுலபமான கால், பாதாம் பருப்பு வடிவ முனை அதற்குப் பொருந்திவிடும். இரண்டாம் விரல் நீண்டிருந்தால் அந்த விரலை வைத்தே நீளம் எடுக்க வேண்டும். கட்டைவிரலை அழுத்திப் பார்த்து இடம் இருக்கிறதென்று வாங்கினால், சில வாரங்களில் இரண்டாம் விரலின் நகம் கறுத்துவிடும். விரல்கள் எல்லாம் ஏறக்குறைய ஒரே மட்டத்தில் நிற்கும் கால், கூர்முனை ஷூவில் எந்த எண்ணிலும் அடங்காது. வட்டமோ சதுரமோ ஆன முனை வேண்டும். கட்டைவிரல் மூட்டு வெளியே புடைத்தவர்கள், மேலே வட்டமாக ஓடும் தையல் அந்தப் புடைப்பின்மேல் விழாத ஷூவாகப் பார்க்க வேண்டும். தையல் உள்ள இடத்தில் தோல் விரியாது.

உங்கள் கடிதத்தை வைத்துப் பார்த்தால் உங்களுடையது முன்பக்கம் அகலம், குதிகால் ஒடுக்கம், புறங்கால் உயரம். லோஃபருக்கு இதைவிடக் கடினமான சேர்க்கை இல்லை, ஆனால் வழி உண்டு. 8-ம் எண்ணிலேயே அகல வகையைக் கேளுங்கள். பிரிட்டிஷ் முறையில் சாதாரண அகலம் எஃப், அதற்கு மேல் ஜி, பிறகு எச். அமெரிக்க முறையில் ஆண்களுக்குச் சாதாரணம் டி, அதற்கு மேல் ஈ, இரட்டை ஈ. புறங்கால் உயரமானவர்கள் உலோகக் கொக்கி வைத்ததைத் தவிர்ப்பது நல்லது, உலோகம் விட்டுக்கொடுக்காது. பட்டையின் இரு முனையிலும் உருண்டையாகச் சுருட்டித் தைத்த வகையும் அப்படித்தான், அந்தத் தையல் தோலை விரியவிடாது. பட்டையே இல்லாமல், வாய்ப்பகுதியின் இரு பக்கமும் எலாஸ்டிக் துண்டு வைத்த வகை உங்களுக்குப் பொருந்தும். எலாஸ்டிக் தெரிவது அழகில்லை என்று வீட்டில் சொல்லலாம். வேட்டிக்கோ பேன்ட்டுக்கோ கீழே அதை யாரும் பார்ப்பதில்லை.

பாதம் தட்டையானவர்களுக்கு இடுப்பு போன்ற நடுப்பகுதி குறுகலான ஷூ ஒத்துவராது. எடை ஊன்றியதும் பாதம் நீண்டு, உள்பக்கமாகச் சாயும். ஷூவின் உள்பக்கத் தோல் பிதுங்கும். அவர்களுக்குக் குதிகாலின் பின்னால் வைக்கும் அட்டை கெட்டியாக இருப்பது அவசியம். விரலால் அழுத்தினால் அமுங்கக்கூடாது. வளைவுக்கு முட்டுக்கொடுக்கும் சோல் வைப்பவர்கள் உள்சோல் கழற்றக்கூடிய லோஃபராக வாங்க வேண்டும். ஒட்டியிருக்கும் சோலின்மேல் இன்னொன்றை வைத்தால் குதிகால் குழியை விட்டு மேலே ஏறிவிடும், பிறகு எதுவும் பிடிக்காது.

தோல் அகலத்தில் சில மி.மீ. விரியும்; நீளத்தில் விரியாது. ‘போகப் போக லூஸாகிவிடும்’ என்று கடையில் சொன்னால் அகலத்துக்கு மட்டும் நம்புங்கள். மென்மையான ஸ்வேட் தோலும் உள்ளே லைனிங் இல்லாததும் அதிகம் விரியும், பாலிஷ் ஏற்றிய கெட்டித் தோல் குறைவாக விரியும். ரெக்சின் விரியவும் விரியாது, வியர்வையை வெளியே விடவும் விடாது. நம் சித்திரை வெயிலில் அதில் அரைநாள் நின்றால் விரலிடுக்கில் சேற்றுப்புண் வரலாம். சர்க்கரைக்காரருக்கு அது வாசலைத் திறந்துவைத்த மாதிரி.

கடையில் மெல்லிய சாக்ஸோடு இரண்டு காலிலும் போட்டு, கம்பளத்தில் அல்லாமல் கல் தரையில் பத்து நிமிடம் நடங்கள். குதிகால் ஐந்து மி.மீ. அளவு எழும்பினால் பரவாயில்லை. புது அடி விறைப்பாக இருக்கிறது, மடங்கப் பழகியதும் அது குறையும். பின்னால் ஆட்காட்டி விரல் தாராளமாக நுழைந்தால் அந்த ஷூ ஆகாது. படியில் இறங்கிப் பாருங்கள். விரல் போய் முன்னே இடித்தால், புறங்காலில் பிடிப்பு இல்லாமல் கால் வழுக்குகிறது என்று பொருள். மேல்விளிம்பு கணுக்கால் எலும்பில் உரசினாலும் வேண்டாம். அது பழகினாலும் சரியாகாது.

எல்லாம் பொருந்தி, குதிகால் மட்டும் கொஞ்சம் கழன்றால் உடனே குதிகாலில் பஞ்சுப் பட்டை ஒட்டுவார்கள். அது காலை முன்னே தள்ளும், விரல் மறுபடி நெரிபடும். முதலில் புறங்காலுக்கு மேல் படியும் தோலின் உள்பக்கத்தில் 2 அல்லது 3 மி.மீ. தடிமனுள்ள மெத்தைத் துண்டு ஒட்டிப் பாருங்கள். அது காலைப் பின்னால் தள்ளிக் குதிகாலைக் குழிக்குள் உட்காரவைக்கும். உங்களுக்கு ஓர் எச்சரிக்கை: பட்டை அழுத்தி மரத்துப்போகும் ஷூவில் இதைச் செய்யக்கூடாது. இடம் தாராளமாக உள்ள ஷூவுக்குத்தான் இது. சுண்டுவிரல் பக்கம் மட்டும் இறுக்கம் என்றால், செருப்பு தைப்பவரிடம் கொடுத்து அந்த இடத்தை மட்டும் கட்டையில் ஏற்றி விரித்துக்கொள்ளலாம். தண்ணீரில் நனைத்து விரிப்பது தோலைக் கெடுக்கும்.

நம் ஊரில் லோஃபர் சீக்கிரம் கெடுவதற்குக் காரணம் நடையல்ல, வாசல். ஒரு விசேஷ வீட்டில் பத்துத் தடவை கழற்றி மாட்டுகிறோம். குனியச் சோம்பி, பின்பக்கத்தை மிதித்துக் காலை நுழைப்போம். நாலு நாளில் உள்ளே இருக்கும் அட்டை மடிந்துவிடும். அதற்குப் பிறகு எந்த எண்ணும் குதிகாலைப் பிடிக்காது, மடிந்த விளிம்பு தோலையும் அறுக்கும். குதிகாலை உள்ளே நுழைக்க உதவும் கரண்டி போன்ற ஷூ ஹார்ன் ஒன்று சட்டைப்பையில் இருக்கட்டும்.

தை மாதம் போட வேண்டுமென்றால் கார்த்திகையிலேயே வாங்கிவிடுங்கள். முதல் மூன்று நாள் வீட்டுக்குள் அரை மணி நேரம். வீட்டுத் தரை வழவழப்பான ஆத்தங்குடி கல் என்றால் தோல் அடி வைத்த ஷூ வழுக்கும், ரப்பர் அடி வைத்ததாகப் பாருங்கள். பிறகு ஒரு மணி, இரண்டு மணி என்று கூட்டலாம். ஒவ்வொரு முறையும் கழற்றியதும் பாதத்தைச் சுற்றிப் பாருங்கள், அடிப்பக்கத்துக்குக் கண்ணாடி வைத்துக்கொள்ளலாம். சிவந்த இடம் அரை மணி நேரத்தில் மறையாவிட்டால் அங்கே ஷூ கடிக்கிறது. கொப்புளம் கண்டால் உடைக்காமல் மருத்துவரைப் பாருங்கள். வரவேற்பில் நிற்கும் மூன்று மணி நேரம் மட்டும் லோஃபர் போதும். மறுநாள் அதே ஷூ வேண்டாம், உள்ளே ஏறிய வியர்வை உலர ஒரு நாளாவது ஆகும். உங்கள் பழைய செருப்பு காரிலேயே இருக்கட்டும்.