அது கேட்பதைப் படியுங்கள்

கணினியில் வரைபடம் வரையும் மென்பொருளான ஆட்டோகேட் பழகத் தொடங்கியவர்கள் அனுப்பிய கேள்விகளுக்கு இந்த வாரம் பதில் சொல்கிறேன். கட்டளைகளை ஒலிப்பின்படி எழுதியிருக்கிறேன். விசைப்பலகையில் ஆங்கில எழுத்துகளாகவே அடிக்க வேண்டும்.

கேள்வி: "சி" அடித்து எண்டர் தட்டினால் வட்டம் வரும் என்று சொல்லிக்கொடுத்தார்கள். சில நேரம் வட்டம் வருகிறது. சில நேரம் வரைந்துகொண்டிருக்கும் கோடு தானாகவே போய்த் தொடங்கிய இடத்தில் மூடிக்கொள்கிறது. ஒரே எழுத்துக்கு இரண்டு வேலையா?
– பாலிடெக்னிக் மாணவி, திண்டுக்கல்

பதில்: ஆமாம், இரண்டு வேலைதான். எந்த வேலை என்பதைத் திரையின் அடியில் இருக்கும் கட்டளை வரி சொல்லிவிடுகிறது. அங்கே ஒன்றும் நடக்காதபோது "சி" என்றால் சர்க்கிள், வட்டம். லைன் கட்டளையின் நடுவில், இரண்டு கோடு போட்ட பிறகு, அதே "சி" குளோஸ் ஆகிவிடும். கடைசிப் புள்ளியை முதல் புள்ளியோடு சேர்த்து மூடும். அந்த நேரத்தில் கீழே பார்த்தீர்கள் என்றால் "அடுத்த புள்ளியைக் குறிப்பிடு" என்ற வரியும், பக்கத்தில் சதுர அடைப்புக்குள் குளோஸ், அன்டூ என்ற சொற்களும் இருக்கும். சதுர அடைப்புக்குள் இருப்பவை அப்போது உங்களுக்குக் கிடைக்கும் வழிகள். அவற்றில் பெரிய எழுத்தாக உள்ளதை மட்டும் அடித்தால் போதும். < > என்ற கோண அடைப்புக்குள் ஓர் எண் நின்றால், "சென்ற முறை கொடுத்த அளவே போதுமா?" என்று பொருள். ஒரு கோட்டுக்கு இணையாக இன்னொன்று போடும் ஆஃப்செட்டில் ஒரு சுவருக்கு 230 கொடுத்துவிட்டீர்கள் என்றால், அடுத்த சுவருக்கு வெறும் எண்டர்தான்.

இதை நீட்டிச் சொல்வதற்குக் காரணம் இருக்கிறது. பயிற்சி நிலையத்தில் என்னிடம் வருபவர்களில் பாதிப்பேர் தமிழ் வழியில் படித்தவர்கள். அந்த வரி ஆங்கிலத்தில் இருப்பதாலேயே கண்ணை அதன்மேல் வைக்கமாட்டார்கள். கட்டளையை மட்டும் மனப்பாடம் செய்துகொண்டு, மற்றதை ஊகித்து அடிப்பார்கள். அதனால் முதல் நாள் நான் எதையும் வரையவிடுவதில்லை. லைனுக்கு "எல்" அடித்து எண்டர் தட்டச் சொல்வேன். கீழே வந்த வரியை உரக்கப் படித்துத் தமிழில் சொல்ல வேண்டும்: "முதல் புள்ளி எங்கே?" வட்டத்துக்கு "மையம் எங்கே?", பிறகு "ஆரம் எவ்வளவு?" தொடக்கநிலைக் கட்டளைகளில் திரும்பத் திரும்ப வருபவை செலக்ட், ஸ்பெசிஃபை, பாயின்ட், பேஸ், நெக்ஸ்ட், டிஸ்டன்ஸ் போன்ற கொஞ்சம் சொற்கள்தான். ஒரு வாரத்தில் பழகிவிடும். ஆங்கிலம் வராது என்று வரைகலையை விட்டுப் போன பிள்ளைகளைப் பார்த்திருக்கிறேன். அந்தச் சிலச் சொற்களை யாராவது பக்கத்தில் உட்கார்ந்து படித்துக் காட்டியிருந்தால் அவர்கள் இன்று நல்ல வரைவாளர்களாக இருந்திருப்பார்கள்.

இன்னொன்று: மூவ், காப்பி, இரேஸ் மூன்றும் முதலில் பொருள்களைத் தேர்ந்தெடுக்கச் சொல்லும். ஒன்றைத் தொட்டதும் அதே வரி மறுபடியும் வரும். கணினி சிக்கிக்கொண்டது என்று நினைத்துவிடாதீர்கள், "இன்னும் ஏதாவது உண்டா?" என்று கேட்கிறது. முடிந்தது என்று சொல்ல எண்டர் தட்டுங்கள். குழம்பிப்போனால் எஸ்கேப். புதிய கட்டளைக்கு முன்னாலும் ஒருமுறை எஸ்கேப் தட்டிக்கொள்ளுங்கள்.

கேள்வி: வகுப்பில் 500,500-இல் தொடங்கி 3000,0 என்று அடித்தால் கோடு நேராக வலப்பக்கம் போகிறது. வீட்டுக் கணினியில் அதையே அடித்தால் சாய்ந்து கீழே இறங்குகிறது. வீட்டில் உள்ளது கெட்டுவிட்டதா?
– மாணவர், ஈரோடு

பதில்: கெடவில்லை தம்பி. வகுப்பில் டைனமிக் இன்புட் போட்டிருக்கிறது, வீட்டில் அணைந்திருக்கிறது. அது போட்டிருந்தால் சுட்டியின் அருகிலேயே பெட்டி தோன்றும். அதில் இரண்டாவது புள்ளியாக நீங்கள் தரும் எண், முந்தைய புள்ளியிலிருந்து எவ்வளவு தூரம் என்றே கொள்ளப்படும். அணைந்திருந்தால் 3000,0 என்பது வரைபடத்தின் மூலப்புள்ளியான 0,0-இலிருந்து வலப்பக்கம் 3000, மேலே 0 என்று அளந்த இடம். 500 உயரத்தில் இருந்த கோடு சுழிக்கு இறங்கத்தானே வேண்டும்? எஃப்12 விசை அதைப் போடும், அணைக்கும்.

ஆனால் எஃப்12-ஐ நம்பியிருக்காதீர்கள். நாளைக்கு வேறோர் அலுவலகத்தில் வேறொரு கணினி. @3000,0 என்று @ குறியோடு அடிக்கும் பழக்கம் இருந்தால் இரண்டு நிலையிலும் கோடு ஒரே மாதிரிதான் போகும். மேலே செல்ல @3000<90. < குறிக்குப் பின் வருவது கோணம்: வலப்பக்கம் சுழி, அங்கிருந்து கடிகாரத்துக்கு எதிர்த்திசையில் கோணம் கூடும். நேர்ச்சுவர்களுக்கு இதைவிடச் சுருக்கமான வழி, கோட்டைக் கிடையாகவோ செங்குத்தாகவோ மட்டும் போகவிடும் எஃப்8 போட்டுக்கொண்டு சுட்டியைத் திசை காட்டி வைத்து 3000 என்று மட்டும் அடிப்பது.

கேள்வி: எங்கள் ஊரில் கொத்தனார்கள் அடிக்கணக்கில்தான் பேசுவார்கள். 10 அடி 6½ அங்குலம் என்று அடித்தால் ஏற்க மறுக்கிறது.
– கட்டட மேற்பார்வையாளர், நாகர்கோவில்

பதில்: முதலில் "யூஎன்" அடித்து அலகு வகையை ஆர்க்கிடெக்சுரல், அதாவது அடி-அங்குலம், என்று மாற்றுங்கள். டெசிமலில் அடிக்குறி செல்லாது. அடுத்தது, நீங்கள் 6-க்கும் 1/2-க்கும் நடுவில் இடம் விட்டிருப்பீர்கள். ஆட்டோகேட்டில் எழுத்து உள்ளிடும் நேரம் தவிர ஸ்பேஸ் பாரும் எண்டர்தான். அளவு பாதியிலேயே உள்ளே போய்விடும். 10'6-1/2 என்று சிறுகோடு இட்டு அடியுங்கள்.

மில்லிமீட்டரில் ஏற்கெனவே வரைந்த பிளானில் இதைச் செய்யவே கூடாது. அலகு வகை காட்டும் விதத்தை மட்டும் மாற்றும், அளவை மாற்றாது. 3000 மில்லிமீட்டர் சுவர் 3000 அங்குலமாகி, 250 அடி என்று காட்டும்.

கேள்வி: பொத்தான்கள் இருக்கும்போது எதற்குத் தட்டச்சு?
– வாசகர், வேலூர்

பதில்: முதல் ஆட்டோகேட் 1982 டிசம்பரில் வந்தது. 2009 பதிப்பில் பொத்தான்களைப் புதிதாக அடுக்கிய ரிப்பன் பட்டை வந்தபோது, பொத்தான்களின் இடத்தைக் கையால் அறிந்து வைத்திருந்தவர்கள் தேடித் தவித்தார்கள். "எல்" அடித்துப் பழகியவர்கள் வேலையைத் தொடர்ந்தார்கள். பொத்தானை அமுக்கினாலும் அதே வரிதான் கீழே வந்து அதே கேள்வியைக் கேட்கும். வலக்கை சுட்டியில் இருக்கட்டும். இடக்கைக்கு எல், சி, எம் (மூவ்), இ (இரேஸ்), டிஆர் (டிரிம், வெட்டுவது) என்று ஐந்தாறு சுருக்கங்களைக் கொடுங்கள்.

கேள்வி: கட்டளை வரியையே காணவில்லை!
– பெயர் குறிப்பிடாத வாசகி

பதில்: கண்ட்ரோல் விசையை அழுத்திக்கொண்டு 9-ஐத் தட்டுங்கள், வந்துவிடும். வந்ததும் இழுத்துச் சாளரத்தின் அடியில் ஒட்டவைத்து, மூன்று வரியாவது தெரியும்படி உயர்த்திக்கொள்ளுங்கள். முன்பு என்ன அடித்தோம் என்று முழுதாகப் பார்க்க எஃப்2.