வலையைத் தேட ரோபோ வாங்கலாமா?

கேள்வி: நாங்கள் கடலூர் தாழங்குடா. அப்பாவும் சித்தப்பாவும் ஃபைபர் படகில் செவுள் வலைத் தொழில் செய்கிறார்கள். பத்து நாளைக்கு முன்னால் 12 பாக ஆழத் தண்ணீரில் விட்டிருந்த வலையின் மிதவைக் கயிற்றை ராத்திரியில் ஏதோ ஒரு படகு அறுத்துவிட்டுப் போய்விட்டது. வலை அடியில்தான் கிடக்கும், ஆனால் இடம் பிடிபடவில்லை. புதுச்சேரியில் ஒருவர் ‘தானாகவே போய்த் தேடிவரும் கடலடி ரோபோ’ என்று ஒன்றை மூன்றரை லட்சத்துக்குத் தருவதாகச் சொல்கிறார், படம் இணைத்திருக்கிறேன். நான்கு படகுக்காரர்கள் சேர்ந்து வாங்கிவிட்டால் வலை, நங்கூரம், இன்ஜின் எது விழுந்தாலும் எடுத்துக்கொள்ளலாமே என்று யோசிக்கிறோம். வாங்கலாமா?

பதில்: தம்பி, வாங்க வேண்டாம். காரணத்தை அப்புறம் சொல்கிறேன், அதைவிட அவசரமான வேலை ஒன்று இருக்கிறது. படகில் இருக்கும் ஜிபிஎஸ் கருவியில் அன்றைக்கு வலை விட்ட தடம் இன்னும் இருக்கிறதா என்று இன்றைக்கே பாருங்கள். நினைவகம் நிறைந்ததும் பல கருவிகள் பழைய தடத்தை அழித்துத்தான் புதியதை எழுதும், ஏற்கெனவே பத்து நாள் ஓடிவிட்டது. தடம் இருந்தால் எண்களை நோட்டில் எழுதிவிட்டு, திரையை போனில் ஒரு படமும் எடுத்து வையுங்கள். இல்லாவிட்டால் அப்பாவையும் சித்தப்பாவையும் தனித்தனியாக உட்கார வைத்து, கரையில் எந்த அடையாளம் எந்த அடையாளத்தோடு சேர்ந்து தெரிந்தது, எத்தனை பாகம், நீவாடு, அதாவது நீரோட்டம், எந்தப் பக்கம் ஓடியது என்று கேட்டு எழுதுங்கள். இரண்டு பேரையும் சேர்த்து வைத்துக் கேட்டால் யாருக்குக் குரல் பெரியதோ அவர் சொல்வதுதான் இடம் என்று ஆகிவிடும்.

சரி, இப்போது ரோபோ. நீங்கள் அனுப்பிய படத்தில் அந்த மஞ்சள் பெட்டிக்குப் பின்னால் ஒரு கேபிள் போகிறது பாருங்கள், விஷயம் அதில்தான் இருக்கிறது. கேபிள் இருந்தால் அது ஆர்ஓவி: மேலே படகில் ஒருவர் உட்கார்ந்து திரையைப் பார்த்துக்கொண்டே ஓட்ட வேண்டும். கயிற்றில் கட்டிய மாடு மாதிரி, கயிறு எவ்வளவோ அவ்வளவுதான் மேய்ச்சல். கேபிள் இல்லாமல், போக வேண்டிய பாதையை முன்கூட்டியே அதற்குள் ஏற்றி இறக்கிவிட்டால் மணிக்கணக்கில் தானே சுற்றிவிட்டுத் திரும்பி வருவதுதான் ஏயூவி, அதாவது தானியங்கி. புதுச்சேரிக்காரர் உங்களுக்கு விற்பது முதலாவது வகை, பேசுவது இரண்டாவது வகையின் பெருமையை.

இரண்டுக்கும் விலையில் ஏன் இவ்வளவு வித்தியாசம் என்றால், கடலுக்குள் ஜிபிஎஸ் கிடையாது. உப்புத் தண்ணீர் அந்த ரேடியோ அலையை மேல்மட்டத்திலேயே விழுங்கிவிடும். தண்ணீருக்குள் தூரம் போகக்கூடியது சத்தம் மட்டும்தான், அது நொடிக்கு ஏறத்தாழ 1500 மீட்டர் வேகத்தில், காற்றில் போவதைவிட நான்கு மடங்குக்கும் மேல் வேகமாகப் போகும். ஆகவே தானியங்கி ரோபோ முங்கின நிமிடத்திலிருந்து, கண்ணைக் கட்டிக்கொண்டு அடி எண்ணி நடக்கிற ஆள் மாதிரி, இந்தத் திசையில் இத்தனை மீட்டர் வந்திருக்கிறேன் என்று தானே கணக்குப் போட்டுக்கொண்டுதான் போகிறது. நீவாடு வெறும் அரை நாட் (மணிக்கு ஒரு கிலோமீட்டருக்கும் சற்றுக் குறைவு) வேகத்தில் ஓடினாலே நிமிடத்துக்கு 15 மீட்டர் தள்ளும், இருபது நிமிடத்தில் 300 மீட்டர், அதற்குள் உங்கள் வலை எங்கே, ரோபோ எங்கே! இதைச் சமாளிக்க ரோபோவின் வயிற்றில் ஒரு கருவி வைப்பார்கள். அது கடல்தரையை நோக்கி நான்கு பக்கமும் சத்தத்தை அனுப்பி, திரும்பி வரும் எதிரொலியின் சுருதி மாறுவதை வைத்துத் தரை தன்னைத் தாண்டி எவ்வளவு வேகத்தில் போகிறது என்று அளக்கும். அதுவும், திசை அறியும் நல்ல கருவியும், அவ்வப்போது மேலே வந்து ஜிபிஎஸ் பார்த்துக்கொள்ளும் வசதியும் சேர்ந்தால்தான் தானியங்கி. உங்கள் மூன்றரை லட்சம் இவற்றுக்கே போதாது, ரோபோவின் உடம்பும் பேட்டரியும் தனி.

நம் கடலிலேயே நடந்த இரண்டு தேடல்களைச் சொன்னால் இந்த வித்தியாசம் இன்னும் தெளிவாகப் புரியும். 2015 ஜூன் 8-ஆம் தேதி மூன்று பேரோடு காணாமல் போன கடலோரக் காவல்படையின் டோர்னியர் விமானம் உங்களுக்கு நினைவிருக்கலாம், உங்கள் ஊர்ப் படகுகள் கூட அந்த நாட்களில் அதைப் பற்றித்தான் பேசிக்கொண்டிருந்திருக்கும். கடலூர், பிச்சாவரம் கரைக்கு அப்பால் கிட்டத்தட்ட ஒரு கிலோமீட்டர் ஆழத்தில் கிடந்தது. அதிலிருந்த கருவி ஒன்று தண்ணீருக்குள் விட்டு விட்டுச் சத்தம் போட்டுக்கொண்டிருந்ததை ஒரு நீர்மூழ்கிக் கப்பல் கேட்டது, இடம் கிடைத்தது, அப்புறம் கேபிள் கட்டிய ரோபோவைக் கப்பலிலிருந்து இறக்கிக் கறுப்புப் பெட்டியை எடுத்தார்கள், ஒரு மாதத்துக்குச் சற்றுக் கூடுதலான காலத்தில் முடிந்தது. அடுத்த வருஷம் ஜூலை 22-ஆம் தேதி தாம்பரத்திலிருந்து போர்ட் பிளேருக்குக் கிளம்பிய விமானப்படையின் ஏஎன்-32, அதில் 29 பேர். அதிலிருந்து எந்தச் சத்தமும் யாருக்கும் கேட்கவில்லை. சென்னைப் பள்ளிக்கரணையில் இருக்கும் என்ஐஓடி என்கிற தேசியக் கடல் தொழில்நுட்ப நிறுவனத்தின் தானியங்கி ரோபோ 3400 மீட்டர் ஆழத்தில் சோனார் (சத்தத்தை அனுப்பி எதிரொலியால் பார்க்கும் கருவி) வைத்துத் தேடி, படமும் எடுத்து, அதன் சிதைவுகள் என்று தெரியவந்தது 2024 ஜனவரியில்தான், ஏழு வருஷத்துக்கும் மேல். இடம் தெரிந்தால் கேபிள் ரோபோ போதும். இடமே தெரியாமல் பெரும் பரப்பைச் சல்லடை போட வேண்டுமென்றால்தான் தானியங்கி வேண்டும், அதற்கு நேரமும் காசும் அந்த அளவில் ஆகும்.

உங்களுக்கு இடம் தெரியாது, ஆனால் பரப்பு சின்னது. நடுவிலான கேஸ்.

அரை கிலோமீட்டருக்கு அரை கிலோமீட்டர் சதுரம் ஒன்றைத் தேடுகிறோம் என்று வைத்துக்கொள்வோம். பெண்ணையாறும் கெடிலமும் உப்பனாறும் கொண்டுவந்து கொட்டுகிற வண்டலில், மழைக்காலம் முடிந்த கையோடு, கேமரா ஒரு மீட்டர் பார்த்தாலே அதிர்ஷ்டம். விளக்கைக் கூட்டினால் தெரியுமே என்பீர்கள், மார்கழிப் பனியில் ஹெட்லைட்டை ஏற்றிப் போட்டால் என்ன தெரியும், அதேதான். இடதும் வலதும் சேர்த்து ஒரு தடவைக்கு இரண்டு மீட்டர் அகலம் பார்த்துக்கொண்டு போனால், அந்தச் சதுரத்தை முடிக்க ரோபோ 125 கிலோமீட்டர் நீந்த வேண்டும். நொடிக்கு ஒரு மீட்டர் வேகம் என்றால் 35 மணி நேரம், இந்த விலையில் வரும் ரோபோவின் பேட்டரியோ ஒன்றிரண்டு மணி நேரம்தான் தாங்கும். கோடையில் தண்ணீர் தெளிந்து ஐந்தாறு மீட்டர் தெரிகிற நாளில் கணக்கு ஆறேழு மணி நேரமாகக் குறையும், அப்போதும் உங்கள் வலைக்கு லாயக்கில்லை.

இதே சதுரத்தை இரண்டு மணி நேரத்தில் முடிக்க ஒரு வழி இருக்கிறது, அதற்கு ரோபோவே வேண்டாம். சைடு ஸ்கேன் (பக்கவாட்டில் பார்க்கும்) வசதி உள்ள ஃபிஷ் ஃபைண்டர்கள், அதாவது மீன் தேடும் கருவிகள், வந்துவிட்டன. சாதாரண எக்கோ சவுண்டர் நேர் கீழே மட்டும் பார்க்கும், இது இரண்டு பக்கமும் விசிறி மாதிரிச் சத்தத்தைப் பரப்பித் தரையைப் படமாகவே வரைந்துவிடும். 12 பாகம், அதாவது சுமார் 22 மீட்டர், அதற்கு வசதியான ஆழம்தான். இரவல் கிடைத்தால் நல்லது, நான்கு பேரும் காசு போட்டே தீருவோம் என்றால் இதில் போடுங்கள். சத்தம் அனுப்பும் முனையைப் படகின் பின்பக்கம் மாட்டாதீர்கள், புரொப்பல்லர் கிளப்பும் காற்றுக் குமிழியில் படம் கெட்டுவிடும். ஒரு குழாயில் கட்டிப் படகின் நடுப்பக்கத்தில், அடிப்பலகைக்குக் கீழே இருக்கும்படி இறக்குங்கள். விடியற்காலையில், காற்று கிளம்பிப் படகு ஆட ஆரம்பிப்பதற்குள், மூன்று நாட் வேகத்தில் உழவு ஓட்டுகிற மாதிரி நேர்நேராகப் போய் வாருங்கள், ஒரு சாலுக்கும் அடுத்த சாலுக்கும் 40 மீட்டர் இடைவெளி.

திரையில் வலை வலையாகவே தெரியும் என்று எதிர்பார்க்காதீர்கள். நைலான் நரம்பு சத்தத்தை அவ்வளவாகத் திருப்பி அனுப்பாது. மிதப்புகளுக்குள் காற்று இருப்பதால் அவை பளிச்சென்று புள்ளி புள்ளியாகத் தெரியும், ஈயக்குண்டு வரிசை, கயிறு, கட்டிவிட்ட கல் இவையெல்லாம் ஒரு கோடு மாதிரி விழும். வலை சுருண்டு குவிந்திருந்தால் ஒரு மேடு, அதற்குப் பின்னால் கறுப்பாக ஒரு நிழல். சேற்றுத் தரையில் கோடு மாதிரி எது தெரிந்தாலும் குறித்துக்கொண்டு, அதே இடத்தை எதிர்த்திசையிலிருந்து இன்னொரு தடவை பாருங்கள்.

கிடைத்த பிறகு எடுப்பது உங்கள் வீட்டுப் பெரியவர்களுக்கு நான் சொல்லித் தர வேண்டியதில்லை. கிணற்றில் விழுந்த வாளியை எடுக்கப் பாதாளக் கரண்டி விடுவோமே, அதேதான். கொக்கியை வலைக் கோட்டுக்குக் குறுக்கே மெதுவாக இழுத்து வந்தால் மாட்டும். பார், அதாவது கடலடிப் பாறை, இருக்கிற இடமென்றால் இழுக்க வேண்டாம், பாரும் கெடும், வலையும் கிழியும். கம்ப்ரசர் குழாயைக் கடித்துக்கொண்டு யாரையும் இறங்க விடாதீர்கள், கெஞ்சிக் கேட்கிறேன். 22 மீட்டரில் பத்து நாளாகத் தானே மீன் பிடித்துக்கொண்டு கிடக்கிற வலைக்குள் ஆள் போவது சாதாரண விஷயமில்லை. புதுச்சேரியில் முறையாகப் பயிற்சி பெற்ற ஸ்கூபா ஆட்கள் இருக்கிறார்கள், கொக்கி மாட்டியும் வரவில்லை என்றால் அவர்களிடம் பேசுங்கள். கொக்கியில் மாட்டியது வலைதானா, பழைய படகா என்று பார்க்க மட்டும் அந்த மஞ்சள் ரோபோவை ஒருநாள் வாடகைக்குக் கேட்டுப் பாருங்கள், அதற்கு அது நல்ல கருவி.

அப்போதும் ஒரு எச்சரிக்கை. அந்த ரோபோ ஓடுவது சின்னச் சின்ன புரொப்பல்லரில், அதற்கு உலகத்திலேயே பெரிய எதிரி வலைதான். வருஷங்களுக்கு முன் நான் வேலை பார்த்த இடத்தில், புதுச்சேரிக்கு வெளியே, அடியில் கிடந்த ஒரு குழாயைப் பார்க்க இறக்கிய ரோபோ யாரோ விட்டுப்போன கந்தல் வலையில் சிக்கிக்கொண்டது. கேபிளைப் பிடித்து இழுத்தோம், கேபிள் மட்டும் வந்தது. ரோபோவைத் தேட இன்னொரு ரோபோ வாடகைக்கு எடுத்த கதையை எங்கள் அலுவலகத்தில் ரொம்ப நாள் யாரும் சத்தமாகப் பேசவில்லை. நீவாடு ரோபோவை வலையின் மேல் தள்ளாமல் வலையிலிருந்து விலக்கித் தள்ளுகிற பக்கமாக நின்று பார்க்க வேண்டும், அன்றைக்கு அதைத்தான் மறந்தோம்.

அப்படியானால் தானியங்கி ரோபோவால் நமக்கு ஒன்றுமே ஆகாதா என்று கேட்டால், ஆகிறது, நீங்கள் காசு கொடுக்காமலே. உலகக் கடல்களில் ஏறத்தாழ 4000 ஆர்கோ மிதவைகள் சுற்றுகின்றன, நம் வங்கக் கடலிலும் உண்டு, நம் நாட்டுக்காக ஹைதராபாத்தில் இருக்கும் கடல் தகவல் மையமான இன்காய்ஸ் அவற்றை விடுகிறது. புரொப்பல்லர் கிடையாது. உள்ளே இருக்கும் எண்ணெயை வெளிப்பைக்குத் தள்ளினால் மிதக்கும், இழுத்துக்கொண்டால் அமிழும், அவ்வளவுதான். 1000 மீட்டரில் நீரோட்டத்தோடு மிதந்துவிட்டு, 2000 மீட்டர் வரை இறங்கி, பத்து நாளைக்கு ஒருமுறை மேலே ஏறி, வழியெல்லாம் அளந்த வெப்பத்தையும் உப்பையும் செயற்கைக்கோளுக்கு அனுப்பிவிட்டு மறுபடி முங்கிவிடும். 2011 டிசம்பர் 30-ஆம் தேதி நம் கடலூருக்கும் புதுச்சேரிக்கும் நடுவில் கரையேறிய தானே மாதிரி ஒரு புயல் கடலில் எவ்வளவு வலுக்கும் என்று கணிக்க, மேல்தண்ணீரின் சூடு மட்டும் தெரிந்தால் போதாது, அடியில் எவ்வளவு சூடு சேர்ந்திருக்கிறது என்றும் தெரிய வேண்டும், அதைச் செயற்கைக்கோள் நேரடியாகப் பார்க்க முடியாது. (மீன் கூடும் இடம் சொல்லும் அறிவிப்பு வேறு, அது செயற்கைக்கோள் படத்திலிருந்து வருவது.) ஒருவேளை அப்படி ஒரு நீளமான உருளை உங்கள் வலையில் வந்தால் திறக்காதீர்கள், உள்ளே லித்தியம் பேட்டரி இருக்கும், மரைன் போலீஸிடம் சொல்லிவிடுங்கள்.

இன்னொன்று கண்ணிவெடி தேடுவது. நம் ஊர்ப் பெயர் தாங்கிய ஐஎன்எஸ் கடலூர் அந்த வேலைக்கான கப்பல்தான், 2018-ல் ஓய்வு பெற்றது. இன்றைக்கு அந்த ஆபத்தான வேலையில் பல நாடுகள் ஆளை அனுப்பாமல் தானியங்கியை அனுப்புகின்றன, 2003-லேயே இராக்கின் உம் கசர் துறைமுகத்தில் அமெரிக்கக் கடற்படை செய்தது. சிப்காட்டிலிருந்து கடலுக்குள் போகும் கழிவுநீர்க் குழாய் மாதிரியானவற்றை ஒட்டியே நீந்தி, விரிசல் இருக்கிறதா, கலந்த தண்ணீர் எந்தப் பக்கம் போகிறது என்று அளப்பதற்கும் இது பொருத்தமான கருவி. அதை உங்கள் ஊர்ப் பஞ்சாயத்து வாங்க வேண்டியதில்லை, செய்யச் சொல்லிக் கேட்கலாம்.

அடுத்த தடவை வலை விடும்போது ஒரு சின்ன வேலை செய்யுங்கள். இரண்டு முனைக் கல்லிலும் ஒரு மீட்டர் கயிற்றில் கெட்டியான பிளாஸ்டிக் மிதப்பு இரண்டைக் கட்டிவிடுங்கள், தண்ணீர்ப் பாட்டில் வேண்டாம், அந்த ஆழத்து அழுத்தத்தில் நசுங்கிவிடும். மேல் மிதவை அறுந்தாலும் அடியில் நிற்கும் இந்த மிதப்பு சோனாரில் நட்சத்திரம் மாதிரித் தெரியும். இரண்டு முனையின் ஜிபிஎஸ் எண்ணையும் விட்ட உடனே குறித்து, வீட்டுக்கு ஒரு வாட்ஸ்அப்பும் போட்டுவிடுங்கள்.

புதுச்சேரிக்காரர் விடமாட்டேன் என்றால் அவரைக் கடலூர் முதுநகர் துறைமுகத்துக்கு வரச் சொல்லுங்கள். ஒரு செங்கல்லில் கிழிந்த வலைத்துண்டைக் கட்டி, அவர் பார்க்காத நேரத்தில் உப்பனாற்றில் எங்காவது போட்டுவிட்டு, கேபிளைக் கழற்றிவிட்டுத் தேடச் சொல்லுங்கள். எடுத்துக் கொடுத்துவிட்டால் எனக்கும் எழுதுங்கள், நானும் ஒன்று வாங்கிக்கொள்கிறேன்.