முதல் செமஸ்டருக்கு யார் துணை?

கேள்வி: அரசுப் பள்ளிப் பிள்ளைகளுக்கு 7.5 சதவீத இடஒதுக்கீடு, முதல் பட்டதாரிச் சலுகை, மாதம் ஆயிரம் ரூபாய் என்று அரசு எவ்வளவோ செய்கிறது. அப்படியும் அரசுப் பள்ளியிலிருந்து பொறியியல் படிக்கப் போகும் பிள்ளைகள் முதல் வருடமே நாலைந்து அரியர் வைத்துவிட்டுப் பாதியில் நின்றுவிடுகிறார்கள். தாங்க முடியாத படிப்பில் கொண்டுபோய்த் தள்ளுவது அவர்களுக்கே செய்யும் கெடுதல் இல்லையா? தகுதிக்கேற்ற படிப்பு போதும் என்று சொன்னால் என்மேல் கோபப்படுகிறார்கள்.
— ஓய்வுபெற்ற கணிதப் பேராசிரியர், தர்மபுரி மாவட்டம்

பதில்: எனக்கும் கோபம் வருகிறது ஐயா. ஆனால் நீங்கள் பார்த்ததைப் பொய் என்று சொல்ல மாட்டேன். அரியர் வைப்பதும் உண்மை, நின்றுவிடுவதும் உண்மை. அதற்குத் தகுதிக் குறைவுதான் காரணம் என்கிறீர்களே, அங்கேதான் நான் மறுக்கிறேன்.

எங்கள் இதழை பைண்டிங் செய்யும் பட்டறையில் வேலை பார்ப்பவரின் மகள், பன்னிரண்டாம் வகுப்பு வரை தமிழ் வழியில் அரசுப் பள்ளியில் படித்தவள். கணக்கில் 91 மதிப்பெண். கவுன்சலிங்கில் இடம் வாங்கிப் பொறியியலில் சேர்ந்தாள். இரண்டாவது மாதமே, "இனிமே போக மாட்டேங்கறா சார், நீங்க கொஞ்சம் புத்தி சொல்லுங்க" என்று அவளை அப்பா என்னிடம் கூட்டிக்கொண்டு வந்தார். கையில் முதல் இன்டர்னல் தேர்வின் கணக்குத் தாள் இருந்தது. ஐம்பதுக்கு ஏழு. ஓர் அணியை, அதாவது மேட்ரிக்ஸைக் கொடுத்து அதன் 'ரேங்க்' என்ன என்று கேட்டிருந்தார்கள். தொடாமலே விட்டிருந்தாள். ஏன் என்றேன். "ரேங்க்னா கிளாஸ்ல எடுக்கற ரேங்க்தான் சார் எனக்குத் தெரியும்" என்றாள்.

நானும் தமிழ் வழியில் படித்து பி.எஸ்சி. கணிதம் சேர்ந்தவன். "அணியின் தரம் கேட்டிருக்காங்கம்மா" என்றேன். தாளைத் திருப்பி வைத்துக்கொண்டு, என் மேசையிலிருந்த பேனாவை எடுத்து, மூன்றே வரியில் போட்டு முடித்தாள். முடித்துவிட்டு அழுதாள். கணக்கு தெரியாத பிள்ளை அப்படியா அழும்?

அன்று மத்தியானம் ஒரு நாற்பது பக்க நோட்டில் நடுவே கோடு போட்டு உட்கார்ந்தோம். இடது பக்கம் அவளுக்குத் தெரிந்த சொல், வலது பக்கம் கல்லூரியில் சொல்லும் சொல். நேர்மாறு, இன்வர்ஸ். நிரை நிரல் மாற்று அணி, டிரான்ஸ்போஸ். பூச்சியமற்ற கோவை அணி, நான்சிங்குலர் மேட்ரிக்ஸ். வகைக்கெழு, டெரிவேட்டிவ். சாயங்காலத்துக்குள் நான்கு பக்கம் நிறைந்துவிட்டது. பன்னிரண்டு வருடம் படித்த கணக்குக்கும் அவளுக்கும் நடுவில் நின்றது அந்த நான்கு பக்கம்தான். கல்லூரியில் முதல் வாரத்தில் யாராவது ஒருவர் இதைச் செய்திருந்தால் அவள் என்னிடம் வரவேண்டிய தேவையே இருந்திருக்காது.

இன்னொன்றும் சொன்னாள். வகுப்பு நடந்துகொண்டிருக்கும்போது ஒருவர் வந்து, "செவன் பாயின்ட் ஃபைவ் எல்லாம் எழுந்து நில்லுங்க" என்றாராம். படிவத்தில் கையெழுத்து வாங்கத்தான். ஐந்து பேர் எழுந்திருக்கிறார்கள். அதற்கப்புறம் அந்த ஐந்து பேரும் வகுப்பில் ஒரு சந்தேகம்கூடக் கேட்டதில்லை. கேட்டால், "இதுகூடத் தெரியாமத்தான் வந்திருக்கு" என்று நினைப்பார்கள் என்ற பயம்.

இது ஒரு பெண்ணின் கதைதானே என்று நீங்கள் கேட்கலாம். கணிதம் படித்தவர், கேட்கத்தான் வேண்டும். அதனால் நீங்கள் ஏற்கக்கூடிய சான்று ஒன்று தருகிறேன். நியூயார்க் நகரப் பல்கலைக்கழகம் தன் இரண்டாண்டுக் கல்லூரிகளில் 2007-இல் 'ஏசாப்' என்ற திட்டத்தைத் தொடங்கியது. அதை ஆராய்ந்தவர்கள், குறைந்த வருமானக் குடும்பத்து மாணவர்களில் அடிப்படைப் பாடத்தில் பின்தங்கியவர்களாகப் பார்த்து எடுத்துக்கொண்டு, குலுக்கல் முறையில் இரண்டாகப் பிரித்தார்கள். ஒரு பாதிக்கு வழக்கமான கல்லூரி. மறு பாதிக்கு, அடிக்கடி சந்தித்தே ஆகவேண்டிய ஓர் ஆலோசகர், தனிப்பயிற்சி, பாடப்புத்தகம், நகரப் போக்குவரத்துக்கான பாஸ், உதவித்தொகை போக மிச்சமிருக்கும் கட்டணம் ஆகியவற்றையும் கொடுத்தார்கள். மூன்று வருடம் கழித்துப் பார்த்தால், வழக்கமான பாதியில் பட்டம் பெற்றவர்கள் 22 சதவீதம். துணை கிடைத்த பாதியில் 40 சதவீதம்.

இரண்டு பாதியும் ஒரே தரம், ஒரே நகரம், ஒரே வறுமை. தகுதிதான் காரணம் என்றால் இரண்டு எண்ணும் ஒன்றாக அல்லவா வந்திருக்க வேண்டும்?

நம் ஊருக்கு வருவோம். உள்ளே சேர்ப்பதில் தமிழ்நாடு செய்திருப்பது சாதாரண வேலை இல்லை. 2021-22 கணக்குப்படி உயர்கல்விச் சேர்க்கை விகிதம், அதாவது கல்லூரி வயதில் இருக்கும் நூறு பேருக்கு எத்தனை பேர் சேர்ந்திருக்கிறார்கள் என்ற கணக்கு, நாடு முழுவதற்கும் 28.4, தமிழ்நாட்டில் 47. மருத்துவத்தில் 2020-இல் 7.5 சதவீத ஒதுக்கீடு வந்தது. அதற்கு முந்தைய வருடம் அரசு மருத்துவக் கல்லூரிக்குப் போன அரசுப் பள்ளிப் பிள்ளைகளை விரல்விட்டு எண்ணிவிடலாம். ஒதுக்கீடு வந்த முதல் வருடமே 300 பேருக்கு மேல் எம்.பி.பி.எஸ். சேர்ந்தார்கள். அடுத்த வருடம் அது பொறியியல், வேளாண்மை, சட்டம் எல்லாவற்றுக்கும் விரிந்தது. மாதம் ஆயிரம் ரூபாய் பெண்களுக்கு 2022 செப்டம்பரில் 'புதுமைப் பெண்' என்றும், பையன்களுக்கு 2024 ஆகஸ்டில் 'தமிழ்ப் புதல்வன்' என்றும் வந்தது. அந்த ஆயிரம் ரூபாயை யாரும் லேசாகப் பேசக்கூடாது. பஸ்ஸுக்கும் ஜெராக்ஸுக்கும் அப்பாவிடம் கை நீட்டாமல் ஒரு பெண் கல்லூரிக்குப் போய் வர முடிகிறது என்றால் அது பெரிய விஷயம்.

ஆனால் பணத்தையும் இடத்தையும் கொடுத்துவிட்டு வாசலோடு நாம் நின்றுவிட்டோம். வீட்டில் யாரும் கல்லூரி வாசலை மிதித்ததில்லை. இன்டர்னல் மார்க் என்றால் என்ன, வருகைப் பதிவு 75 சதவீதத்துக்குக் கீழே போனால் என்ன ஆகும், அரியர் பேப்பருக்கு எப்போது ஃபீஸ் கட்ட வேண்டும் என்பதையெல்லாம் படித்த வீட்டுப் பிள்ளைக்கு அண்ணனோ சித்தப்பாவோ சாப்பிடும்போதே சொல்லிவிடுவார்கள். இந்தப் பிள்ளைக்கு யார் சொல்வது? முதல் செமஸ்டரில் மூன்று பேப்பர் போனால், அடுத்த செமஸ்டரில் புதுப் பாடங்களோடு அந்த மூன்றையும் சேர்த்துப் படிக்க வேண்டும். அதில் இரண்டு போகும். மூன்றாம் வருடம் வேலைக்கு ஆள் எடுக்க வருகிற கம்பெனி, அரியர் இருந்தால் வரிசையிலேயே நிற்க விடாது. நீங்கள் பார்த்த அந்த 'பாதியில் நிற்பது' முதல் நான்கு மாதத்தில் முடிவாகிவிடுகிற விஷயம்.

தகுதிக்கேற்ற படிப்பு என்கிறீர்கள். அந்தத் தகுதியை எந்தத் தேதியில் அளப்பீர்கள் ஐயா? பைண்டிங் பட்டறைக்காரர் மகளை அந்த இன்டர்னல் தேர்வு நடந்த அன்று அளந்திருந்தால் ஏழு மார்க். நோட்டு போட்ட பிறகு வந்த செமஸ்டர் தேர்வில் கணக்குப் பேப்பரைத் தேறிவிட்டாள். இயற்பியல் போயிற்று, அதை அடுத்த முறை எழுதி முடித்தாள். இப்போது மூன்றாம் வருடம். அந்த நோட்டு அவளிடம் இல்லை. ஜூனியர் பெண்கள் கைமாற்றிக்கொண்டே இருக்கிறார்களாம்.

சரி, நீங்கள் கணிதப் பேராசிரியர். முப்பது வருடமாவது வகுப்பெடுத்திருப்பீர்கள். ஓய்வில் இருக்கிறீர்கள். உங்கள் ஊர் அரசு மேல்நிலைப் பள்ளியில் இந்த வருடம் பன்னிரண்டு முடித்து யார் யார் எந்தக் கல்லூரிக்குப் போயிருக்கிறார்கள் என்று தலைமையாசிரியரிடம் கேளுங்கள், சொல்லுவார். பத்துப் பதினைந்து பேர் இருப்பார்கள். ஞாயிற்றுக்கிழமை காலையில் இரண்டு மணி நேரம் உங்கள் வீட்டுத் திண்ணையில் உட்கார வைத்து, நடுவில் கோடு போட்ட அந்த நோட்டிலிருந்து ஆரம்பியுங்கள். முதல் இன்டர்னல் தேர்வுக்கு முன்னால் ஆரம்பிக்க வேண்டும். உங்கள் போன் நம்பரையும் எல்லோருக்கும் கொடுத்துவிடுங்கள். ராத்திரி பத்து மணிக்கு ஒரு பிள்ளை கூப்பிட்டால் எடுங்கள்.

செமஸ்டர் முடிவு வந்ததும் எனக்கு எழுதுங்கள். எத்தனை பேர் தேறினார்கள், எத்தனை பேர் தவறினார்கள் என்று நீங்கள் எழுதுவதை, எதுவாக இருந்தாலும், இதே பக்கத்தில் போடுகிறேன்.