ஓய்வுக்காலத்தில் சொகுசுக் கப்பல் பயணம்: வைப்பு நிதியில் போகலாமா, தவணையில் போகலாமா?

கேள்வி: என் வயது 64, மனைவிக்கு 61. திருச்சியில் வசிக்கிறோம். எனக்கு மாத ஓய்வூதியம் 52,000 ரூபாய். மூத்த குடிமக்கள் சேமிப்புத் திட்டத்தில் 30 லட்சம் ரூபாயும், வங்கி வைப்பு நிதியில் 17 லட்சம் ரூபாயும் இருக்கின்றன. வைப்பு நிதியில் 9 லட்சம் வரும் டிசம்பரில் முதிர்வடைகிறது. மீதி 8 லட்சத்தை மருத்துவச் செலவுக்கென்று ஒதுக்கி வைத்திருக்கிறோம். கடன் எதுவும் இல்லை. எங்களுக்குத் திருமணமாகி 40 ஆண்டுகள் நிறைவதையொட்டி, 2026 பிப்ரவரியில் சிங்கப்பூரில் இரண்டு இரவு, அங்கிருந்து பினாங்கு, புக்கெட் சென்று திரும்பும் சொகுசுக் கப்பலில் நான்கு இரவு, பிறகு லங்காவியில் கடற்கரை விடுதியில் மூன்று இரவு என்று ஒரு பயணம் போக விரும்புகிறோம். சென்னை வழியாக பிசினஸ் வகுப்பு விமானம், பால்கனி வைத்த கப்பல் அறை உட்பட, வரிகள் நீங்கலாக, இருவருக்கும் 7,60,000 ரூபாய் என்கிறார் முகவர். வட்டியில்லாத் தவணையில் 24 மாதங்களில் கட்டலாம் என்றும் சொல்கிறார். மகன் இது வீண் செலவு என்கிறான். நாங்கள் போகலாமா? எதில் தாராளமாகச் செலவழிக்கலாம், எதைக் குறைக்கலாம்?

பதில்: தாராளமாகப் போய் வாருங்கள். கடன் இல்லாமல், மாத வருமானம் நிலையாக இருந்து, மருத்துவத்துக்கென்று தனியே பணமும் எடுத்து வைத்திருக்கும் ஒரு தம்பதி, நடக்கவும் ரசிக்கவும் உடம்பில் தெம்பு இருக்கும்போது செய்யும் இந்தச் செலவை வீண் என்று நான் சொல்லமாட்டேன். ஆனால் முகவர் சொல்லியிருக்கும் 7,60,000 ரூபாய் உங்கள் பயணத்தின் விலை அல்ல. உண்மையான விலை என்ன என்பதைக் கணக்குப் போட்டுப் பார்த்தால், இப்போதிருக்கும் வடிவில் இந்தப் பயணம் உங்கள் 9 லட்சத்துக்குள் அடங்காது என்பது தெரியும்.

முதலில் வரிகள். சுற்றுலாத் தொகுப்புக்கு 5 சதவீத ஜிஎஸ்டி உண்டு. அதுவே 38,000 ரூபாய், அது திரும்ப வராது. அடுத்தது, வெளிநாட்டுச் சுற்றுலாத் தொகுப்பை விற்பவரே வாங்குபவரிடம் வசூலித்து அரசுக்குக் கட்டும் டிசிஎஸ். 2025-26 நிதியாண்டில் இருந்த விதிப்படி 10 லட்சம் ரூபாய் வரை 5 சதவீதம், அதற்கு மேற்பட்ட தொகைக்கு 20 சதவீதம். இந்த விகிதமும் வரம்பும் 2020-லிருந்து பலமுறை மாற்றப்பட்டு வந்திருக்கின்றன என்பதால், நீங்கள் பணம் கட்டும் நாளில் என்ன விகிதம் நடப்பில் இருக்கிறது என்பதை ரசீதில் பார்த்துக்கொள்ளுங்கள். அந்த விகிதத்தில் உங்களுக்கு இது ஏறத்தாழ 40,000 ரூபாய் வரும். ஆனால் இது செலவு அல்ல, உங்கள் பெயரில் முன்கூட்டியே கட்டப்பட்ட வரி. பணம் கட்டுபவரின் பான் எண்ணில், அவர் பெயரில் கட்டப்பட்ட வரிகளைக் காட்டும் படிவம் 26ஏஎஸ்-இல் இது பதிவாகும். ஓய்வூதியம், சேமிப்புத் திட்ட வட்டி, வைப்பு நிதி வட்டி எல்லாம் சேர்த்தும் உங்கள் ஆண்டு வருமானம் 12 லட்சத்தைத் தாண்டவில்லை என்பதால் புதிய வரி முறையில் நீங்கள் கட்டவேண்டிய வரி இல்லை. எனவே கணக்குத் தாக்கல் செய்தால் முழுத் தொகையும் திரும்ப வரும். வரிதான் இல்லையே என்று தாக்கல் செய்யாமல் விட்டுவிடாதீர்கள். வெளிநாட்டுப் பயணத்துக்கு ஓராண்டில் 2 லட்சம் ரூபாய்க்கு மேல் செலவழிப்பவர்கள், வருமானம் வரம்புக்குள் இருந்தாலும், கணக்குத் தாக்கல் செய்தே ஆக வேண்டும்.

அடுத்து, கப்பலுக்குள் ஏறியபின் வரும் செலவு. பயணிகள் திகைத்துப் போவது பெரும்பாலும் இங்கேதான். பெரிய கப்பல் நிறுவனங்கள் பணியாளர் அன்பளிப்பு என்று ஆளுக்கு நாளொன்றுக்கு 15 முதல் 20 அமெரிக்க டாலர் வரை தாமாகவே கணக்கில் ஏற்றிவிடும். 18 டாலர் என்று வைத்துக்கொண்டால் இருவருக்கு நான்கு நாளில் 144 டாலர். டாலர் 88 ரூபாய் என்ற கணக்கில் சுமார் 13,000 ரூபாய். உங்கள் கட்டணத்தில் இது அடக்கமா என்று எழுத்தில் கேளுங்கள். பொது உணவகத்தில் மூன்று வேளைச் சாப்பாடு கட்டணத்தில் சேர்ந்தது. சிறப்பு உணவகம், குளிர்பானம், மது, இணையம், உடல் பிடித்துவிடுதல் எல்லாம் தனி. பலவற்றில் சேவைக் கட்டணமும் ஏறும். கப்பலில் ரொக்கம் புழங்காது. அறைச் சாவியாகத் தரும் அட்டையைக் காட்டினால் போதும், எல்லாம் அறைக் கணக்கில் போய்ச் சேரும். கையிலிருந்து பணம் போவது தெரியாமல் போவதால், ஒவ்வொரு நாள் இரவும் அறைத் தொலைக்காட்சியிலோ வரவேற்புப் பகுதியிலோ அன்றைய கணக்கைப் பார்த்துவிடுங்கள். தவறாக ஏறியிருந்தால் கப்பலில் இருக்கும்போதே சரிசெய்வது எளிது. வீடு திரும்பியபின் மின்னஞ்சலில் முறையிட்டு வாங்குவது கடினம். இன்னொன்று: கப்பல் கரையை விட்டு நகர்ந்ததும் கைபேசியை ‘ஃபிளைட் மோடு’க்கு மாற்றிவிடுங்கள். நடுக்கடலில் கப்பலின் சொந்த அலைவரிசையோடு கைபேசி இணைந்துவிட்டால், வழக்கமான ரோமிங் திட்டம் எதுவும் அதற்குப் பொருந்தாமல் பெரிய கட்டணம் வரக்கூடும்.

கரையிலும் இதே கதைதான். சிங்கப்பூரின் உயர்தர உணவகங்களில் விலைக்குப் பக்கத்தில் இரண்டு கூட்டல் குறிகள் இருக்கும். அதன் பொருள், 10 சதவீத சேவைக் கட்டணமும், அதையும் சேர்த்த தொகையின் மீது 9 சதவீத ஜிஎஸ்டியும் தனி என்பது. பட்டியலில் 100 வெள்ளி (சிங்கப்பூர் டாலர்) என்றால் கொடுக்கவேண்டியது 119 வெள்ளி 90 காசு. மலேசியாவில் வெளிநாட்டவரிடம் அறைக்கு ஓர் இரவுக்கு 10 ரிங்கிட் சுற்றுலா வரி வாங்குவார்கள். சிறிய தொகைதான், தொகுப்பில் பெரும்பாலும் சேராது. ஆக, 7,60,000 ரூபாயோடு இரு வரிகள், கப்பல் அன்பளிப்பு, பயணக் காப்பீடு, வெளியில் சாப்பாடு, ஊர்சுற்றல், உறவினர்க்கு வாங்கும் பொருட்கள் எல்லாம் சேர்த்தால் பத்து லட்சத்தை நெருங்கும். வித்தியாசத்தை ஈடுகட்ட மருத்துவ வைப்பு நிதியைத் தொடவேண்டி வரும், அல்லது முகவர் சொல்லும் தவணைக்குப் போகவேண்டி வரும். இரண்டுமே வேண்டாம்.

வட்டியில்லாத் தவணை என்பதில் பெரும்பாலும் வட்டி விலைக்குள்ளேயே இருக்கும். செயலாக்கக் கட்டணமும், வட்டிப் பகுதி மீது 18 சதவீத ஜிஎஸ்டியும் தனியே வரலாம். முழுத் தொகையையும் ஒரே தடவையில் கட்டினால் எவ்வளவு குறைப்பீர்கள் என்று முகவரிடம் கேளுங்கள். அவர் குறைக்கும் தொகைதான் அந்த வட்டி. அதைவிட முக்கியமானது, முப்பதாயிரத்துக்கு மேற்பட்ட மாதத் தவணை உங்கள் 52,000 ரூபாய் ஓய்வூதியத்தில் பாதிக்கு மேல் விழுங்கிவிடும் என்பது. மூத்த குடிமக்கள் திட்டத்தில் 8.2 சதவீத வட்டியில் மூன்று மாதத்துக்கு ஒருமுறை 61,500 ரூபாய் வந்துகொண்டிருக்கிறது. முன்கூட்டியே முடித்தால் அசலில் 1 முதல் 1.5 சதவீதம் வரை பிடித்துக்கொள்வார்கள் என்பதால் அதை எக்காரணம் கொண்டும் கலைக்காதீர்கள். டிசம்பரில் முதிரும் 9 லட்சத்திலிருந்து 8 லட்சத்தை மொத்தச் செலவின் உச்சவரம்பாக வைத்துக்கொள்ளுங்கள். வரிகளுக்கு முந்தைய தொகுப்பு விலை அதற்குள் 6 லட்சத்தைத் தாண்டக் கூடாது. முன்பணம் இப்போதே கேட்டால், வைப்பு நிதியை உடைக்காமல் அதை ஈடாக வைத்து வங்கி தரும் ஓவர்டிராஃப்ட் கடனைச் சில வாரங்களுக்கு மட்டும் எடுங்கள்; வைப்பு நிதி வட்டியைவிட ஓரிரு சதவீதம்தான் கூடுதலாக இருக்கும்.

இனி எதைக் குறைப்பது என்று பார்ப்போம். முதலில் வெட்டவேண்டியது பிசினஸ் வகுப்பு. திருச்சியிலிருந்து சிங்கப்பூருக்கு நேரடி விமானம் இருக்கிறது, நான்கு மணி நேரத்துக்குச் சற்று அதிகம்தான் ஆகும். இதை விட்டுவிட்டுச் சென்னைக்குப் போய், அங்கே காத்திருந்து, அதிக விலை கொடுத்து ஏறுவதில் சொகுசும் இல்லை, சிக்கனமும் இல்லை. கால் நீட்டிக்கொள்ள வசதியான இருக்கைக்குச் சிறிது கூடுதல் கட்டணம் கட்டினால் போதும். முகவரின் பட்டியலில் மலேசிய விசாக் கட்டணம் என்று ஏதாவது இருந்தால் அதையும் எடுக்கச் சொல்லுங்கள். 2023 டிசம்பர் 1 முதல் இந்தியர்கள் 30 நாள் வரை விசா இல்லாமல் மலேசியா செல்லலாம். சிங்கப்பூருக்கு விசா வேண்டும். கப்பலில் போய்த் திரும்பி மீண்டும் உள்ளே நுழைவீர்கள் என்பதால் ஒன்றுக்கு மேற்பட்ட முறை நுழைய அனுமதிக்கும் விசாவா என்று உறுதிசெய்யுங்கள். இரு நாடுகளின் வருகைப் படிவங்களையும் அரசு இணையதளத்தில் இலவசமாகவே நிரப்பலாம். பணம் கேட்கும் தளம் அரசுத் தளம் அல்ல.

பால்கனி அறையை வைத்துக்கொள்ளுங்கள். ஜன்னலில்லாத உள்ளறை மலிவுதான், ஆனால் மதியம் ஓய்வெடுக்கும் வயதில், கடலைப் பார்த்தபடி இருவரும் உட்கார ஓர் இடம் இருப்பது இந்தப் பயணத்தின் முக்கியமான சுகம். அதற்கு மேல் சூட் அறை வேண்டாம், மது அருந்தாதவர்களாக இருந்தால் பானத் தொகுப்பும் வேண்டாம். பினாங்கில் கப்பல் நிறுவனம் விற்கும் ஊர்சுற்றல் தேவையில்லை. ஸ்வெட்டன்ஹம் துறையில் இறங்கினால் 2008-இல் யுனெஸ்கோ உலக மரபுச் சின்னமாக அறிவித்த ஜார்ஜ் டவுன் நடக்கும் தூரத்தில் இருக்கிறது. தமிழ்க் கடைகள் நிறைந்த லிட்டில் இந்தியா, கப்பித்தான் கிளிங் பள்ளிவாசல், தமிழ் முஸ்லிம்கள் வளர்த்தெடுத்த நாசி கண்டார் (சோறும் பலவகைக் குழம்பும்) உணவகங்கள் எல்லாம் அருகருகே உள்ளன. புளிப்பும் காரமுமான அசாம் லக்சா நூடுல்ஸ், பனைவெல்லப் பாகும் தேங்காய்ப்பாலும் ஊற்றிய செண்டோல் இரண்டையும் தெருவோரக் கடையில் சாப்பிடுங்கள். கப்பலின் சிறப்பு உணவகத்தில் ஒருவேளைக்குக் கொடுப்பதில் சிறு பங்குகூட ஆகாது. மனைவி சைவமாக இருந்தால், லக்சாவின் குழம்பே மீனில் செய்வது என்பதையும், காய்கறிப் பொரியலில்கூட பெலாச்சான் என்ற இறால் விழுது சேரும் என்பதையும் மனத்தில் கொள்ளுங்கள். அவருக்கு வாழையிலைச் சாப்பாட்டுக் கடைகள் நல்லது. புக்கெட் அப்படியல்ல. பல கப்பல்கள் அங்கே கரையை ஒட்டாமல் நங்கூரமிட்டுச் சிறு படகில் ஆட்களை இறக்குகின்றன. தனியாகச் சுற்றப் போய்த் தாமதமானால் கப்பல் காத்திருக்காது. அங்கே போவதானால் கப்பல் நிறுவனத்தின் ஏற்பாட்டிலேயே போங்கள். முழங்கால் வலி இருந்தால் அன்று கப்பலிலேயே இருப்பதும் நல்ல யோசனைதான்.

மிச்சப்படுத்திய பணத்தில் ஒரு பகுதியை லங்காவி விடுதியில் போடுங்கள். நான் தாராளமாகச் செலவழிக்கச் சொல்லும் இடம் இதுதான். கடற்கரைக்கு நேரே திறக்கும் அறை, காலை உணவு உட்பட, மூன்று இரவுக்குப் பதில் நான்கு இரவு. டிசம்பர் முதல் மார்ச் வரை அங்கே மழை குறைந்த காலம், எனவே கொடுத்த பணத்துக்குக் கடல் கிடைக்கும். ஆனால் 2026-இல் சீனப் புத்தாண்டு பிப்ரவரி 17 அன்று வருகிறது. அதை ஒட்டிய நாட்களில் சிங்கப்பூரிலும் மலேசியாவிலும் அறை வாடகை ஏறிவிடும். பயணத்தை மாதக் கடைசிக்கோ மார்ச் தொடக்கத்துக்கோ தள்ளினால் அதே பணத்தில் மேலான அறை கிடைக்க வாய்ப்புண்டு.

காப்பீட்டில் கஞ்சத்தனம் வேண்டாம். உங்கள் உள்நாட்டு மருத்துவக் காப்பீடு பெரும்பாலும் வெளிநாட்டிலோ கப்பல் மருத்துவமனையிலோ பயன்படாது. சர்க்கரை, இரத்த அழுத்தம் எதுவாக இருந்தாலும் படிவத்தில் மறைக்காமல் எழுதுங்கள். மறைத்தால் கோரிக்கையை நிராகரிக்க அதுவே காரணமாகிவிடும். கப்பல் பயணத்துக்கும், கப்பலிலிருந்து மருத்துவமனைக்கு மாற்றுவதற்கும் பாதுகாப்பு உண்டா என்று கேட்டு, குறைந்தது ஒரு லட்சம் டாலருக்கு எடுங்கள்.

செலவுக்கான பணத்தில் கொஞ்சம் ரொக்கம், மீதி அட்டை. சாதாரண கடன் அட்டைகள் பலவற்றில் அந்நியச் செலாவணிக் கட்டணம் 3.5 சதவீதம், அதன் மீது ஜிஎஸ்டி சேர்த்தால் 4.13 சதவீதம். ஒன்றரை லட்சம் செலவழித்தால் ஆறாயிரத்துக்கு மேல் இதற்கே போகும். இந்தக் கட்டணம் இல்லாத அட்டையோ முன்கூட்டியே பணம் ஏற்றிய பயண அட்டையோ வாங்கிக்கொள்ளுங்கள். கடைக்காரரின் கருவி ரூபாயிலா ரிங்கிட்டிலா என்று கேட்டால் எப்போதும் ரிங்கிட்டையே தேர்ந்தெடுங்கள்.

மாற்றிய விவரங்களோடு முகவரிடம் புதிய விலைப்பட்டியல் கேளுங்கள்: விமானம், கப்பல், விடுதி ஒவ்வொன்றுக்கும் தனித்தனி விலை, ரத்து செய்தால் எந்தத் தேதிக்கு எவ்வளவு பிடிப்பார்கள் என்ற அட்டவணை, பணம் கட்டியதும் கப்பல் நிறுவனத்தின் பதிவு எண். அந்த எண்ணைக் கொண்டு கப்பல் நிறுவனத்தின் தளத்திலேயே உங்கள் பெயரும் செலுத்திய தொகையும் வந்திருக்கிறதா என்று மகனைப் பார்க்கச் சொல்லுங்கள். முன்பணம் கட்டும் முன் அந்தப் பட்டியலை எனக்கும் அனுப்புங்கள், வரிக் கணக்கைச் சரிபார்த்துத் தருகிறேன்.