பாதியில் விட மனமில்லை

அன்புள்ள ஐயா,

வேளச்சேரியிலிருந்து பறக்கும் ரயிலில் போய்வரும் நேரத்தில் தொடர் நாவல்களாகப் படித்துத் தள்ளுகிறேன். துப்பறியும் தொடர் ஒன்றில் ஆறு பாகம் முடித்தாயிற்று. முதல் மூன்றும் பிரமாதம். அதற்கப்புறம் துப்பறிபவரின் விவாகரத்து, குடி, மகளோடு மனஸ்தாபம் என்றே போகிறது. செத்தவனைப் பற்றி யாருக்கும் கவலை இல்லை. மாயாஜாலத் தொடர் ஒன்று நேர்மாறு. வரைபடமும் வம்சாவளியுமாக நூறு பக்கம் படுத்தியது, பிறகு கீழே வைக்க முடியவில்லை. ஆனால் மூன்றாம் பாகத்தில் செத்தவர்கள் எழுந்து வருகிறார்கள். இரண்டையும் பாதியில் விட மனமில்லை, தொடரவும் அலுப்பாக இருக்கிறது.

எஸ்., வேளச்சேரி

அன்புள்ள எஸ்.,

விட மனமில்லை என்றால் முதலாவதை விடவே வேண்டாம், தாண்டிப் போங்கள். துப்பறியும் தொடரில் ஒவ்வொரு பாகத்திலும் கணக்கு தீர்ந்துவிடும். ஏழும் எட்டும் படிக்காமல் ஒன்பதுக்குப் போனால் ஒன்றும் குடிமுழுகாது. அங்கே ஆள் மாறாமல் இருப்பது குறையே அல்ல. 1968இல் சுஜாதாவின் ‘நைலான் கயிறு’ கதையில் தலைகாட்டிய வக்கீல் கணேஷுக்கு அப்புறம் ஜூனியராக வசந்த் வந்து சேர்ந்தான். வழக்குகள் மாறின, இவர்கள் அப்படியே இருந்தார்கள். கணேஷுக்குக் கல்யாணம் ஆகாதது எனக்கு ஒரு நாளும் உறுத்தியதில்லை. உங்கள் எழுத்தாளருக்குத் தன் ஆள்மீதே சலிப்பு வந்திருக்கும், அதனால் குடும்பத்தை இழுத்து வருகிறார் என்று நினைக்கிறேன்.

அந்தச் சலிப்பு கானன் டாயிலுக்கும் வந்தது. 1893இல் தன் துப்பறிவாளர் ஷெர்லக் ஹோம்ஸை அருவியில் தள்ளினார், 1903இல் திரும்ப அழைத்து வந்தார். வாசகர்கள் அதை ஏற்றுக்கொண்டதற்கு ஆசை ஒரு காரணம். இன்னொன்று, அவர் பிணத்தைக் காட்டவில்லை. ஹோம்ஸின் நண்பர் வாட்சன் பார்த்தது காலடித் தடங்களையும் ஒரு கடிதத்தையும்தான். உங்கள் மாயாஜாலக்காரர் பிணத்தைக் காட்டி, எரித்து, அழவும் வைத்துவிட்டுத்தானே எழுப்புகிறார்?

மாயம் என்றால் எதுவும் நடக்கலாம் என்று அர்த்தமில்லை. விக்கிரமாதித்தன் கதையில் கூடுவிட்டுக் கூடு பாய்கிறார்கள். பாயலாம், ஆனால் விட்டுவைத்த உடலில் வேறொருவன் புகுந்துகொள்ளக் கூடும். அந்தப் பயம் இருப்பதால்தான் கதை நிற்கிறது. செலவே இல்லாமல் ஒரு பிணம் எழுந்தால் அடுத்த சாவுக்கு நாம் ஏன் அழ வேண்டும்? அந்த நூறு பக்க வம்சாவளியை மட்டும் நான் குறை சொல்ல மாட்டேன். அதைத் தாங்கியதால்தான் பிறகு உங்களால் கீழே வைக்க முடியவில்லை.

ஆகவே மாயாஜாலத்தை நிறுத்திவிடலாம். இதில் தாண்டிப் போகவும் வழியில்லை, எல்லாப் பாகமும் சேர்ந்து ஒரே கதை. போதாக்குறைக்குத் தொடர் முடிந்துவிட்டதா என்றும் பாருங்கள். ஜார்ஜ் மார்ட்டின் 1996இல் ஆரம்பித்த தொடரின் ஐந்தாம் பாகம் 2011இல் வந்தது. ஆறாவதற்காக அதன் வாசகர்கள் அதற்கப்புறம் வருஷக்கணக்கில் காத்திருந்தார்கள்.

பாதியில் நிற்பது அப்படியொன்றும் கொடுமை இல்லை. சின்ன வயதில் மாம்பலத்தில் பக்கத்து வீட்டு மாமி, பத்திரிகைத் தொடர்கதைகளைக் கிழித்து பைண்ட் செய்து வைத்திருப்பார். அதில் ஒரு கொலைக் கதைக்குக் கடைசி வாரம் மட்டும் இல்லை. கேட்டதற்கு, அந்த வாரம் ஊருக்குப் போயிருந்தேன் என்றார். மைத்துனன்தான் கொன்றான் என்று நானே தீர்ப்புச் சொல்லிவிட்டேன். அதற்கப்புறம் அந்தப் புத்தகத்தைத் தேடவும் இல்லை.