கத்திரி வெயிலும் எம்.எஸ். (மல்டிபிள் ஸ்கிளிரோசிஸ்) என்ற நரம்பு நோயும்: வாசகர் கேள்விகள்

இரண்டு வருடம் முன்பு வலது கண்ணில் ஆப்டிக் நியூரைட்டிஸ் (பார்வை நரம்பு அழற்சி) வந்து சரியானது. இப்போது மதியம் பஸ் ஸ்டாப்பிலிருந்து வீட்டுக்கு நடந்தால் அதே கண் மங்குகிறது. ஃபேன் அடியில் அரை மணி நேரம் உட்கார்ந்தால் தெளிந்துவிடுகிறது. நோய் முற்றுகிறதா? (வாசகி, திருமங்கலம்)

இல்லை. ஜெர்மன் கண் மருத்துவர் வில்ஹெல்ம் உத்தாஃப் 1890-லேயே இதை எழுதி வைத்துவிட்டார். எம்.எஸ்.ஸில் நரம்பைப் போர்த்தியிருக்கும் மையலின் உறை தேய்கிறது. அப்படித் தேய்ந்த நரம்பில் மின்துடிப்பு ஏற்கெனவே தட்டுத் தடுமாறித்தான் போகிறது. உடல் சூடு அரை டிகிரி ஏறினாலே போதும், நடுவழியில் நின்றுவிடும். சூடு இறங்கினால் மறுபடி ஓடும். புதிதாக எதுவும் அழிவதில்லை. ஆனால் குளிர்ந்த பிறகும் மங்கல் விலகவில்லை என்றால் அன்றே டாக்டரைப் பாருங்கள். என்.எம்.ஓ. (பார்வை நரம்பையும் தண்டுவடத்தையும் தாக்கும் வேறொரு நோய்) உள்ளவர்கள் இதில் ஒரு நாள்கூடத் தள்ளிப்போட வேண்டாம்.

கை மரத்துப்போகிறது. என்ன மாத்திரை? (வாசகர், ஊர் எழுதவில்லை)

வயது இல்லை, எந்தக் கை என்று இல்லை, சர்க்கரை உண்டா என்று இல்லை. கழுத்து எலும்பு, பி12 குறைவு, சர்க்கரை என்று காரணம் எதுவாகவும் இருக்கலாம். மாத்திரை எழுத நான் ஜோசியக்காரன் இல்லை.

எம்.எஸ். உள்ள என் தங்கை அழகர் ஆற்றில் இறங்குவதைப் பார்க்கப் போகலாமா? (மேலூர்)

தாராளமாக. அழகர் இறங்குவது விடியற்காலையில்தானே. பார்த்ததும் வெயில் ஏறுமுன் வீடு திரும்பிவிடுங்கள். நெரிசலிலும் உடம்பு சூடாகும், ஓரமாக நில்லுங்கள். கழுத்தில் ஈரத்துண்டு, கையில் ஐஸ் தண்ணீர் இருக்கட்டும்.

அப்பாவுக்கு எம்.எஸ். ஒவ்வொரு மே மாதமும் கால் இழுக்கிறது. பழைய சீட்டை வைத்து உள்ளூரிலேயே ஸ்டீராய்டு டிரிப்ஸ் போட்டுக்கொள்கிறோம். இந்த வருடமும் போடலாமா? (உசிலம்பட்டி)

கூடாது. இந்தப் பழக்கத்தைப் பற்றி எழுதி எழுதிக் கை ஓய்ந்துவிட்டது. நிஜமான ரிலாப்ஸ் (நோய் மறுபடி தாக்குவது) என்றால் 24 மணி நேரத்துக்கு மேல் நீடிக்க வேண்டும், கூடவே காய்ச்சலோ தொற்றோ இருக்கக் கூடாது. அதற்குத்தான் தினம் ஒரு கிராம் வீதம் மூன்று முதல் ஐந்து நாள் மெத்தில்பிரெட்னிசோலோன் என்ற ஸ்டீராய்டு. வெயிலுக்கு அது மருந்தே இல்லை.

முதலில் தெர்மாமீட்டர் வையுங்கள், அப்புறம் சிறுநீரைப் பரிசோதியுங்கள். நம் ஊரில் நடப்பது என்ன? அடிக்கடி எழுந்து போக முடியவில்லை என்று கோடையில் தண்ணீரைக் குறைத்துவிடுகிறார்கள். சிறுநீர்த் தொற்று வருகிறது, லேசாகக் காய்கிறது, கால் இழுக்கிறது. அதன் மேல் ஸ்டீராய்டு ஏற்றினால் தொற்று பரவும், சர்க்கரை எகிறும், தூக்கம் போகும். திரும்பத் திரும்ப ஏற்றினால் இடுப்பு மூட்டு எலும்பே செத்துப்போகலாம். இரண்டு நாள் கால் கொஞ்சம் தெம்பானதும் 'டிரிப்ஸ் கேட்டுச்சு' என்கிறீர்கள். குளிர்ந்த அறையில் படுத்திருந்ததுதான் கேட்டிருக்கும். பழைய சீட்டைக் கிழித்துப் போடுங்கள். அப்பாவின் நரம்பியல் மருத்துவரிடம் போய்க் காட்டுங்கள்.

சனிக்கிழமை எண்ணெய் தேய்த்து வெந்நீரில் குளித்தால் அரை நாள் எழுந்திருக்க முடியவில்லை. (சோழவந்தான்)

எம்.ஆர்.ஐ. வராத காலத்தில், நோயைக் கண்டுபிடிக்க ஆளைச் சூடான தண்ணீர்த் தொட்டியில் உட்காரவைத்தே சோதித்தார்கள். அந்தப் பரிசோதனையை வாரா வாரம் வீட்டில் நீங்களே நடத்துகிறீர்கள். எண்ணெய் இருக்கட்டும், தண்ணீர் மிதமாக இருக்கட்டும். கால் மரத்தவர்களுக்குச் சுடுநீர் கொப்புளித்த பிறகுதான் தெரியும்.

ஏ.சி. வாங்க வசதியில்லை. ஏர் கூலர் போதுமா? ஜிகர்தண்டா நல்லதா? (செல்லூர்)

மதுரையின் வறண்ட வெயிலுக்குக் கூலர் நன்றாகவே வேலை செய்யும். ஜன்னலைத் திறந்து வையுங்கள். புழுக்கமான நாளில் உதவாது, அப்போது ஈரத்துண்டும் ஃபேனும்தான். வெளியே கிளம்புமுன் குளிர்ந்த நீரில் குளித்துவிட்டுப் போனால் சிறிது நேரம் தாங்கும். ஜிகர்தண்டா ஆசைக்குக் குடியுங்கள். சர்க்கரை இருந்தால் ஐஸ் போட்ட மோர்.

சிறுநீர் அவசரத்துக்கு ஆக்ஸிபியூட்டினின் சாப்பிடுகிறேன். வெயிலில் வியர்ப்பதே இல்லை, உடம்பு கொதிக்கிறது. (வாடிப்பட்டி)

மாத்திரையின் வேலைதான் அது, வியர்வையை அடக்கும். நீங்களாக நிறுத்தாதீர்கள். வியர்வையைத் தொடாத மாற்று மாத்திரை உண்டு, டாக்டரிடம் கேளுங்கள். போகும்போது சிறுநீர்ப் பரிசோதனையும் செய்துகொண்டு போங்கள்.