பெஞ்சில் உட்கார்ந்திருப்பவர்

அன்புள்ள எழுத்தாளருக்கு,

வங்கியில் முப்பத்தைந்து வருடம் வேலை பார்த்து ஓய்வு பெற்றவன் நான். நங்கநல்லூரில் இருக்கிறோம். என் மகள் அமெரிக்காவில் ஓக்லண்ட் நகரத்தில் இருக்கிறாள். அந்த ஊர் போலீஸைக் கண்காணிக்கும் கமிஷனில் சம்பளமில்லாத உறுப்பினராகச் சேர விண்ணப்பம் போட்டிருக்கிறாளாம். கைக்குழந்தையை வைத்துக்கொண்டு இந்த வம்பு எதற்கு என்று எனக்குக் கவலை. சென்னையில் இப்படி ஒன்று வருமா? வந்தால் என்னைப் போன்றவர்கள் அதில் சேவை செய்யலாமா? ஒன்று மட்டும் சொல்ல வேண்டும். அங்கே இதெல்லாம் சரிப்படும். இங்கே ரவுடிக்கு மாவுக்கட்டு போட்டால்தான் ஊர் அடங்கும். அந்தப் படங்களைப் பார்க்கும்போது மனதுக்கு ஒரு நிம்மதி வருவது உண்மை. உங்கள் கருத்தை அறிய ஆவல்.

(பெயர் வெளியிட வேண்டாம்)

அன்புள்ள ஐயா,

இரண்டு வாரமாக ஒரு ஜோடி ரப்பர் செருப்பைப் பற்றி நினைத்துக்கொண்டிருந்தேன். அந்த நேரத்தில் உங்கள் கடிதம் வந்தது. அதனால்தான் உடனே எழுத உட்கார்ந்தேன். செருப்புக்கு அப்புறம் வருகிறேன்.

முதலில் உங்கள் மகள். அவருக்கு என் வாழ்த்தைச் சொல்லுங்கள். அவர் எதில் சேரப் பார்க்கிறார் என்று கொஞ்சம் விசாரித்திருந்தால் நீங்கள் அதை வம்பு என்று சொல்லியிருக்க மாட்டீர்கள். 2016 நவம்பரில் ஓக்லண்ட் மக்கள் ஓட்டுப் போட்டு உருவாக்கிய கமிஷன் அது. ஏழு உறுப்பினர்கள், இரண்டு மாற்று உறுப்பினர்கள், எல்லோரும் அந்த ஊரில் குடியிருப்பவர்கள். பணியிலிருக்கும் போலீஸ்காரர் யாரும் அதில் உட்கார முடியாது. 2020 பிப்ரவரியில் அந்தக் கமிஷனும் மேயரும் சேர்ந்து நகரத்தின் போலீஸ் தலைமை அதிகாரியையே பதவியிலிருந்து நீக்கினார்கள். கைக்குழந்தை வளர்ந்துவிடும் ஐயா. பாட்டியை ஆறு மாதம் அனுப்பிவையுங்கள்.

சென்னையில் வருமா என்று கேட்கிறீர்கள். காகிதத்தில் வந்துவிட்டது. பிரகாஷ் சிங் என்ற ஓய்வுபெற்ற போலீஸ் அதிகாரி தொடர்ந்த வழக்கில் 2006 செப்டம்பர் 22 அன்று உச்ச நீதிமன்றம் மாநிலங்களுக்கு உத்தரவு போட்டது. போலீஸ் மீதான புகார்களை விசாரிக்க மாநில அளவிலும் மாவட்ட அளவிலும் தனி ஆணையம் வேண்டும், மாநிலத்தில் ஓய்வுபெற்ற உயர் நீதிமன்ற அல்லது உச்ச நீதிமன்ற நீதிபதியும் மாவட்டத்தில் ஓய்வுபெற்ற மாவட்ட நீதிபதியும் அதற்குத் தலைமை தாங்க வேண்டும் என்றது. தமிழ்நாடு 2013இல் சட்டம் கொண்டுவந்தது. அந்தச் சட்டத்தில் மாநில ஆணையத்துக்குத் தலைவர் உள்துறைச் செயலாளர், உறுப்பினர்களில் ஒருவர் டி.ஜி.பி. மாவட்டத்தில் கலெக்டர் தலைவர், எஸ்.பி. உறுப்பினர். எஸ்.பி.யின் ஆட்கள் மேல் புகார் கொடுக்கப் போகிறவன் அதே எஸ்.பி. முன்னால் போய் நிற்க வேண்டும். உங்களுக்கோ எனக்கோ அதில் ஒரு நாற்காலி இல்லை. இது அநியாயம். இதைச் சொல்லிச் சொல்லி எனக்கு வாய் வலித்துவிட்டது. அதனால் இங்கே நிறுத்திக்கொள்கிறேன்.

மாவுக்கட்டு விஷயத்தை அப்படி விட மாட்டேன். உங்கள் வயதுக்கு மரியாதை வைத்தே சொல்கிறேன், அந்த வரியைப் படித்ததும் எனக்குக் கோபம் வந்தது. 'பாத்ரூமில் வழுக்கி விழுந்து கை உடைந்தது' என்று செய்தி வருகிறது. அது பொய் என்று எழுதுகிறவருக்குத் தெரியும், படிக்கிற நமக்கும் தெரியும். அதே கழிவறைக்கு ஏட்டும் ரைட்டரும் தினமும் போய்வருகிறார்கள், அவர்கள் கை உடைவதில்லை. தெரிந்தே படத்தை வாட்ஸப்பில் அனுப்புகிறோம், கீழே சிரிப்புப் பொம்மை போடுகிறோம். நிம்மதி என்கிறீர்களே, எதில் நிம்மதி? ஒரு அறைக்குள் நாலு பேர் ஒருவனைப் பிடித்துக்கொள்ள, ஐந்தாமவர் அவன் கையை எதன் மேலோ வைத்து உடைத்திருக்கிறார். அந்தச் சத்தத்தைக் கேட்டிருந்தால் உங்களுக்கு நிம்மதி வந்திருக்குமா? வந்திருக்காது. உங்களை அந்த அளவுக்கு எனக்குத் தெரியும், நாலு வருடமாக எனக்குக் கடிதம் எழுதுகிறவர் நீங்கள். படத்தில் சத்தம் இல்லை, அதனால் வந்த நிம்மதி அது.

அவன் ரவுடிதானே என்பீர்கள். ரவுடி என்று முடிவு செய்தது யார்? கோர்ட்டா? உடைக்கும்போது அவன் கோர்ட்டு வாசலையே மிதித்திருக்க மாட்டான். இன்று ரவுடியின் கையை உடைக்கப் பழகியவருக்கு நாளை யார் கை என்ற வித்தியாசம் தெரியாது. 2020 ஜூன் 19ஆம் தேதி சாத்தான்குளம் ஸ்டேஷனில் பிடித்துவைத்தது செல்போன் கடைக்காரரையும் அவர் அப்பாவையும். இரண்டு பேரும் பிழைக்கவில்லை. ஸ்டேஷனில் கேமரா இருந்தது. பதிவுகள் தினமும் தானாக அழிந்துபோகும்படி அதை வைத்திருந்தார்கள் என்று விசாரிக்கப்போன மாஜிஸ்ட்ரேட் அறிக்கை கொடுத்தார். அங்கே உண்மையைச் சொன்னது ரேவதி என்ற தலைமைக் காவலர். மற்ற போலீஸ்காரர்கள் சுற்றி நிற்க, பயந்துகொண்டே சொன்னார். ஆணையத்தில் உட்கார ஆசைப்படுகிற எவரும் மாவுக்கட்டு படத்தைப் பார்த்துச் சிரிக்கக் கூடாது. நீங்களும்தான்.

செருப்புக்கு வருகிறேன்.

1998. மேற்கு மாம்பலத்தில் ஒரு மாடிப் போர்ஷனில் குடியிருந்தேன். தெரு முனையில் ஒரு அம்மா இஸ்திரி வண்டி வைத்திருந்தார். அவர் மகனுக்குப் பதினெட்டு, பத்தொன்பது வயது இருக்கும், வீடு வீடாகப் போய்த் துணி வாங்கி வருவான். ஒரு வீட்டில் சங்கிலி காணாமல் போயிற்று. சாயங்காலம் பையனைக் கூட்டிப்போய்விட்டார்கள். ராத்திரி எட்டரைக்கு அந்த அம்மா என் வீட்டுப் படியில் வந்து நின்றார். 'சார், நீங்க படிச்சவங்க, சும்மா வந்து உக்காருங்க போதும்' என்றார்.

போனேன். எந்த ஸ்டேஷன் என்பது வேண்டாம். வராந்தாவில் ஒரு மர பெஞ்ச். ஓரத்தில் பையனின் நீல வார் ரப்பர் செருப்பு, ஒன்றின் மேல் ஒன்றாகக் கிடந்தது. 'விசாரணைக்குத்தான் கூப்பிட்டிருக்கோம் சார், காலைல அனுப்பிடுவோம்' என்றார் ரைட்டர். பையனைக் கூப்பிட்டுக் காட்டினார். சட்டை இல்லாமல் நின்றான், உடம்பில் காயம் இல்லை. டீ வாங்கிக் கொடுத்தார்கள். பத்து மணிக்கு ஒரு தாளை நீட்டி, 'சாட்சிக்கு ஒரு கையெழுத்து' என்றார்கள். பையன் நல்லபடியாக இருக்கிறான் என்று நாலு வரி எழுதியிருந்தது. போட்டேன். நேரம் எழுதவில்லை. காலையில் ஆறு மணிக்கு அச்சகத்தில் இருக்க வேண்டும் என்பதால் பத்தரைக்குக் கிளம்பிவிட்டேன். அந்த அம்மா ஒன்றும் சொல்லவில்லை.

மறுநாள் மத்தியானம் அவனை விட்டார்கள். சாயங்காலம் நான் தெருவில் வரும்போது வண்டிக்குப் பக்கத்தில் உட்கார்ந்திருந்தான். பாதம் இரண்டும் வீங்கி, விரல்களுக்கு நடுவே வார் நுழையவில்லை. செருப்பு அம்மாவின் கையில் இருந்தது. ஸ்டேஷனிலிருந்து அப்படியே கையில் பிடித்துக்கொண்டு வந்திருக்கிறார், கீழே வைக்கத் தோன்றவில்லை. அதற்குப் பிறகும் பல வருடம் என் சட்டைகளுக்கு இஸ்திரி போட்டார். உதவி என்று மட்டும் என்னிடம் வந்ததே இல்லை.

நான் கையெழுத்துப் போட்டதற்கு இரண்டு வருடம் முன்னால், 1996 டிசம்பர் 18 அன்று, டி.கே. பாசு வழக்கில் உச்ச நீதிமன்றம் தீர்ப்புச் சொல்லிவிட்டிருந்தது. மேற்கு வங்காளத்தில் சட்ட உதவி அமைப்பு ஒன்றில் இருந்தவர் தலைமை நீதிபதிக்கு எழுதிய ஒரு கடிதத்தில் தொடங்கிய வழக்கு அது. கைது செய்தால் அங்கேயே குறிப்பு எழுத வேண்டும். தேதியும் நேரமும் இருக்க வேண்டும். குடும்பத்தில் ஒருவரோ அந்தப் பகுதியின் மதிப்புக்குரிய ஒருவரோ சாட்சிக் கையெழுத்துப் போட வேண்டும். கைதானவர் கேட்டால் உடம்பைப் பரிசோதித்துக் காயங்களைக் குறிக்க வேண்டும். காவலில் இருக்கும்வரை நாற்பத்தெட்டு மணி நேரத்துக்கு ஒருமுறை டாக்டர் பார்க்க வேண்டும். இதையெல்லாம் ஒவ்வொரு ஸ்டேஷனிலும் கண்ணில் படும்படி மாட்டிவைக்கவும் சொன்னது. பையனைக் கைது என்றே எழுதவில்லை, விசாரணை என்றார்கள். அந்த ஒரு வார்த்தையில் இத்தனையும் நின்றுபோயின. மதிப்புக்குரிய ஆள் என்று அந்த ராத்திரி அங்கே இருந்தவன் நான்தான்.

ஆகவே ஆணையத்தில் யார் தலைவர் என்பதைவிட, ராத்திரி பதினொரு மணிக்கு அந்த பெஞ்சில் யார் உட்கார்ந்திருக்கிறார்கள் என்பதில்தான் எனக்கு அக்கறை. பிரிட்டனில் இதை ஒரு முறையாகவே வைத்திருக்கிறார்கள். 1981இல் பிரிக்ஸ்டனில் கலவரம் நடந்தது. அதை விசாரித்த ஸ்கார்மன் பிரபு பொதுமக்கள் ஸ்டேஷனுக்குள் வந்து பார்க்க வழி வேண்டும் என்றார். இன்று அங்கே தொண்டர்கள் இரண்டிரண்டு பேராக, முன்கூட்டிச் சொல்லாமல், எந்த நேரத்திலும் லாக்கப்புக்குப் போய் உள்ளே இருப்பவரிடம் பேசலாம். டீச்சர், பென்ஷன் வாங்குகிறவர் என்று சாதாரண ஆட்கள். டி.கே. பாசு வழக்கிலேயே 2015இல் நம் உச்ச நீதிமன்றமும் ஸ்டேஷன்களுக்கு இப்படி அரசு சாராத பார்வையாளர்களை நியமிப்பதைப் பரிசீலிக்கச் சொன்னது. போலீஸுக்கு உதவும் பொதுமக்கள் அமைப்பாக ஃபிரண்ட்ஸ் ஆஃப் போலீஸ் இருந்ததே என்பீர்கள். அது 1993இல் ராமநாதபுரத்தில் நல்ல எண்ணத்தோடு தொடங்கியது. ஆனால் போலீஸோடு சேர்ந்து நிற்கிற தொண்டர் வேறு, உள்ளே இருப்பவனுக்காக நிற்கிற தொண்டர் வேறு. சாத்தான்குளத்துக்குப் பிறகு 2020 ஜூலையில் அதைத் தடை செய்தார்கள்.

நீங்கள் சேவை செய்யலாமா என்று கேட்டிருந்தீர்கள். நியமன உத்தரவுக்குக் காத்திருக்க வேண்டாம். உங்கள் பக்கத்திலும் இஸ்திரி வண்டி இருக்கும், அந்த வீட்டிலும் ஒரு பையன் இருப்பான். ஒரு ராத்திரி அவன் அம்மா உங்கள் கேட்டைத் தட்டினால் போங்கள். ஒரு பிளாஸ்கில் காபியும் ஒரு சால்வையும் எடுத்துக்கொள்ளுங்கள், வராந்தாவில் கொசு அதிகம். தாளை நீட்டினால் முழுக்கப் படியுங்கள், நேரத்தை உங்கள் கையால் எழுதுங்கள். அப்புறம், அவன் வெளியே வரும்வரை அந்த பெஞ்சிலிருந்து எழுந்திருக்காதீர்கள்.

அன்புடன்.